உறுப்பியல்: பழைய பந்தய சைக்கிள் சாமான்களை விற்பதற்கு ஓர் இலக்கணம்

எந்த நூலுக்கும் பாயிரம் வேண்டும். இந்நூல் நுதலிய பொருள், ஒருவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த பழைய பந்தய சைக்கிள் சாமான்களை வீட்டை விட்டு வெளியே அனுப்பும் வழி. கேட்போர், அந்த ஒருவரும் அவருடைய வீட்டாரும். வீட்டார் கேட்டுக் கேட்டு ஏற்கெனவே ஓய்ந்தவர்கள். பயன், மாடி அறையில் ஒரு கட்டில் போட இடம். நில எல்லை, வடக்கே ப்ரூக்ஸ் தோல் சீட்டுக்குப் பேர்போன பர்மிங்ஹாம், தெற்கே இத்தாலியின் டஸ்கனி, மேற்கே துப்பாக்கி செய்த கையால் சைக்கிள் செய்யப் போன பாஸ்க் நாட்டு எய்பார், கிழக்கே ஜப்பானின் சகாய். இவ்வெல்லைக்குள் பிறந்த உறுப்புகளுக்கே இவ்விலக்கணம் செல்லும்.

கால எல்லை 1987. இதை வகுத்தவர் நாம் அல்லர். டஸ்கனியில் கயோலே இன் கியான்தி என்ற சிற்றூரில் 1997இல் தொடங்கிய ‘லெரோயிகா’ ஓட்டத்தின் பொதுவிதி அது. வெள்ளை மண்சாலைகளில் நடக்கும் அந்த ஓட்டத்துக்கு வரும் சைக்கிள் 1987க்கு முந்தியதாக இருக்க வேண்டும். கியர் லீவர் ஃப்ரேமின் கீழ்க்குழாயில் இருக்க வேண்டும். பிரேக் கேபிள் ஹேண்டில்பாருக்கு மேலே வெளியே தெரிய வளைந்து வர வேண்டும். பெடலில் கால்விரலைப் பிடிக்கும் கிளிப்பும் தோல் வாரும் வேண்டும். ஓட்டுகிறவர்களுக்கு இது விளையாட்டு விதி. விற்கிறவருக்கு இதுவே காயலான் கடைக்குப் போவது எது, கண்ணாடி அலமாரிக்குப் போவது எது என்று பிரிக்கும் கோடு.

இனி வகை. செய்த கம்பெனியை வைத்துப் பிரிப்பவர் உண்டு. செய்த வருடத்தை வைத்துப் பிரிப்பவர் உண்டு. பிரேக்குகள் ஒரு பெட்டி, பெடல்கள் ஒரு பெட்டி என்று பிரிக்கும் எளிய மனிதர்களும் உண்டு. இவர்கள் யாருடைய பெட்டியும் காலியானதில்லை. ஒரு சாமான் எந்தக் காரணத்தால் இன்னொருவர் கைக்குப் போகிறதோ அதுவே அதன் வகை என்பது நம் கொள்கை. அப்படிப் பார்த்தால் சொல்லைப் போலவே உறுப்பும் நான்கு: பெயர், வினை, இடை, உரி.

பெயராவது, தன் மேல் பொறித்த எழுத்தாலேயே விலை போவது. பெயர்களுள் தலையாயது கம்பஞோலோ. டுல்லியோ கம்பஞோலோ 1933இல் வட இத்தாலியின் விச்சென்ஸாவில் தொடங்கிய பட்டறை அது. 1927இல் ஒரு பந்தயத்தில், க்ரோச்சே தாவ்னே கணவாயின் குளிரில் விரல் மரத்துப்போய், பின்சக்கரத்தின் சிறகு நட்டைத் திருக முடியாமல் அவர் நின்றுவிட்டார் என்றும், அந்த ஆத்திரத்தில் பிறந்ததுதான் ஒரே நெம்பில் சக்கரத்தை விடுவிக்கும் குவிக் ரிலீஸ் என்றும் கர்ண பரம்பரை. வரலாற்று ஆராய்ச்சிக்காரர்கள் சிலர் இதை நம்புவதில்லை. விற்பவர் நம்புவது நல்லது. அந்தக் கதை ஒட்டிக்கொண்டிருப்பதால்தான் ஒரு சாண் இரும்புக் கம்பியைக் கையில் வாங்குகிறவர் இரண்டு கையாலும் வாங்குகிறார்.

இந்தப் பெயருக்குள்ளும் காலம் உண்டு. எழுபதுகளின் நுவோவோ ரெக்கார்டு கியர் மாற்றியின் உடம்பில் ‘பேட்டன்ட்’ என்ற சொல்லும் பக்கத்தில் வருடத்தின் கடைசி இரண்டு இலக்கமும் இருக்கும். பழைய ஹப்புகளில் ஆக்சில் நட்டின் மேல் ‘கேம்’ என்ற மூன்றெழுத்தோடு வருடம் இருக்கும். 78ஆம் வருட ஃப்ரேம் வைத்திருப்பவர் 76 என்று அச்சான கியர் மாற்றியைப் பார்த்ததும், செவ்வாய் தோஷ ஜாதகத்தைக் கண்ட பெண்வீட்டார் மாதிரி முகத்தைச் சுருக்கிக்கொண்டு திருப்பித் தருவார். இரண்டும் ஒரே மாதிரிதான் வேலை செய்யும் என்று அவரிடம் வாதாடக் கூடாது. வேலை செய்வது அடுத்த வகையின் இலக்கணம்.

வினையாவது, வேலை செய்வதால் அறியப்படுவது. மொழியில் பல வாக்கியங்கள் வினை இல்லாமல் முடியா. இந்தச் சந்தையில் தாராளமாக முடியும். சாட்சி சன்டூர். ஜப்பானின் மயேதா கம்பெனி 1964இல் காப்புரிமை வாங்கிய சாய்ந்த இணைகரக் கியர் மாற்றி, செயினை நடத்தும் சிறு சக்கரத்தைப் பின்பல்சக்கரங்களின் சரிவை ஒட்டியே நகர்த்தியது. சிறிய பல்லிலிருந்து பெரிய பல்லுக்குப் போகும்போது இடைவெளி மாறாததால் கியர் சட்டென்று விழுந்தது. 1984இல் காப்புரிமை காலாவதியானதும் ஷிமானோ அதே சாய்வை எடுத்து, லீவரில் ‘டிக்’ என்று ஒரு சத்தத்தையும் சேர்த்து உலகத்தை வாங்கிவிட்டது. இன்று ஓடும் கியர் சைக்கிள்களில் பெரும்பாலானவை அந்தச் சாய்வின் வாரிசுகள். சன்டூர் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டினால் இன்றைக்கும் சொன்ன பேச்சு கேட்கும். ஆனாலும் இடம் தவறிச் சிணுங்கும் கம்பஞோலோவுக்குக் கிடைக்கும் மரியாதை அதற்கு இல்லை. பயன்பாடு பார்த்து வாங்குகிறவருக்கு, ரகசியமாக, சன்டூரையே இவ்வாசிரியர் சிபாரிசு செய்வார்.

வினையில் தேய்ந்ததும் அடங்கும், செத்ததும் அடங்கும். டிஜோன் நகரத்து சிம்ப்ளெக்ஸ் கம்பெனி அறுபதுகளில் டெல்ரின் என்ற பிளாஸ்டிக்கில் கியர் மாற்றிகளை வார்த்தது. எடை குறைவு, ஓட்டம் மென்மை. வயதானால் ஓட்டாமல் வைத்திருந்தாலும் விரிசல். இதை ‘நன்றாக வேலை செய்யும்’ என்று விற்பவர் நாளை நூறு மைல் தள்ளி மலைச்சரிவில் நிற்கும் ஒருவருடைய சாபத்தை வாங்குகிறார். ஃப்ரீவீல் விற்பவர் அதைக் கழற்றும் கருவி எந்தக் கம்பெனிக்குரியது என்றும் சொல்ல வேண்டும். ரெஜினாவுக்கும் மயாருக்கும் சன்டூருக்கும் பள்ளம் வேறு வேறு. தவறான கருவியை மாட்டி நெம்பினால் உதடு உடைந்து, ஃப்ரீவீல் ஹப்போடு ஆயுள் பந்தம் கொண்டுவிடும்.

இடையாவது, தனித்து நிற்காதது. இந்நூலில் மிக நுட்பமான பகுதி இது. விற்பவர் பெரும்பாலும் குப்பைத்தொட்டியில் போட்டுவிடுவதும் இதைத்தான். கிராங்க் போல்ட்டை மூடும் தூசு மூடி, பிரேக் லீவரின் மேல் போர்த்திய ரப்பர், குவிக் ரிலீஸின் கூம்பு ஸ்பிரிங், ரெக்கார்டு ஹப்பின் நடுவே எண்ணெய்த் துளையை மூடிக்கொண்டு சுற்றும் மெல்லிய தகட்டு வளையம். ஹப்பு ஆயிரம் மைல் ஓடும், வளையம் எங்கோ ஒரு பள்ளத்தில் கழன்று விழும். ஆகவே உலகத்தில் வளையம் இழந்த ஹப்புகள் எப்போதும் வளையங்களைவிட அதிகம். லீவர் ரப்பர் இன்னும் மோசம்: வெயில் பட்டாலும் பொரியும், படாவிட்டாலும் பொரியும். பொரியாத பழைய ஜோடி ஒன்று டப்பாவின் அடியில் கிடைத்தால் லீவரைவிட்டு அதைக் கேட்பவர் வருவார்.

கால் கிளிப்பும் வாரும் இடையே ஆயினும், பெயரின் ஆட்சி அங்கும் உண்டு. கிளிப்பில் ‘கிறிஸ்தோப்’ என்றிருந்தால் அது யூஜின் கிறிஸ்தோப். 1913 டூர் டி பிரான்ஸில் டூர்மலே மலையிறக்கத்தில் ஃபோர்க் உடைந்து, சைக்கிளைத் தோளில் சுமந்து நடந்து, சென்ட்-மாரி-டி-கம்பன் ஊர்க் கொல்லுலையில் தானே அடித்து ஒட்டவைத்தவர். பிறர் உதவி கூடாது என்பது விதி; துருத்தி ஊதியவன் ஒரு சிறுவன் என்று கண்டுபிடித்து அதற்கும் நேரத் தண்டனை போட்டார்கள். வாரில் ‘பிந்தா’ என்றிருந்தால் அது அல்ஃப்ரெதோ பிந்தா. இத்தாலியச் சுற்றுப்பந்தயத்தை ஐந்து முறை வென்றவர். இவர் வந்தால் சுவாரசியமே போய்விடுகிறது என்று 1930இல் ஓடாமல் இருப்பதற்காகவே பந்தயத்தை நடத்தியவர்கள் பணம் கொடுத்தார்கள். அவர் பெயரில் வந்த வாருக்கும் இன்று அதே விதிதான்: பாக்கெட் பிரிக்காமல், ஓடாமல் இருந்தால்தான் நல்ல விலை.

உரியாவது பண்பு. உறுப்பு ஒன்றேயாக, பண்பால் விலை மாறும். டப்பாவோடு இருப்பது ஒரு பண்பு. டப்பா மட்டும் இருப்பதும் பண்புதான், அதற்கும் ஆள் இருக்கிறது. துளைத்திருப்பது இன்னொன்று. 1972 அக்டோபரில் மெக்சிகோ நகரத்தில் எடி மெர்க்ஸ் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டினார். எர்னெஸ்தோ கொல்னாகோ செய்து கொடுத்த அந்த சைக்கிள் ஆறு கிலோவுக்கும் குறைவு, செயினில்கூடத் துளை. அதைப் பார்த்த ஐரோப்பா முழுவதும் வீட்டுக்கு வீடு டிரில்லை எடுத்துவிட்டது. பிரேக் லீவர், பல்சக்கரம், சீட் கம்பி என்று துளை போடாத இடமில்லை. அக்காலத்துக் கைதேர்ந்த துளை அழகு. மாமா ஒருவர் ஞாயிற்றுக்கிழமை போட்ட துளை அபாயம். இரண்டையும் படத்தில் பிரித்தறிய முடியாது என்பதால் பின்புறத்தையும் படம் எடுத்துப் போடுவது விற்பவர் கடமை.

உரியின் எல்லை கம்பஞோலோவின் டெல்டா பிரேக். எண்பதுகளின் நடுவில் வந்த முக்கோணம். இணைகரத்தை உள்ளே ஒளித்து வைத்திருக்கிறது. எடை அதிகம், கேபிளை இறுக்க 3.5 மில்லிமீட்டர் அலென் கீ வேண்டும், அந்த அளவு எந்தச் சாதாரணக் கருவிப்பெட்டியிலும் இருக்காது. முழுக்க முழுக்க அழகு; நிறுத்துவதில் அபிப்பிராயபேதம். பளபளப்பு வேண்டும் என்று பாலிஷ் போட்டு அனோடைசிங்கைக் கரைத்தவருக்கு இந்நூல் மன்னிப்பு வழங்காது.

இனிப் புணரியல். சொல் நான்கும் அறிந்தவன் சந்தி அறியாவிட்டால் வாயைத் திறக்க முடியாது. இங்கே சந்தி என்பது மரை.

கிராங்கைத் தாங்கும் பிபி கப் நான்கு நாட்டுக்கு நான்கு விதம். ஆங்கிலக் கப்பின் விட்டம் 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை, செயின் பக்கம் இடமரை. பிரெஞ்சுக் கப் 35 மில்லிமீட்டர், மரைக்கு மரை ஒரு மில்லிமீட்டர், இரு பக்கமும் வலமரை. சுவிஸ் அளவுகள் பிரெஞ்சைப் போலவே, செயின் பக்கம் மட்டும் ஆங்கிலத்தைப் போல இடம், நடுநிலை நாடல்லவா. இத்தாலியக் கப்போ விட்டத்தை 36 மில்லிமீட்டரில் அளந்து, மரையை அங்குலத்துக்கு 24 என்று எண்ணுகிறது. ஒரே துண்டு உலோகத்தில் இரண்டு அளவை முறையையும் வைத்து, இரு பக்கமும் வலமரையாக வெட்டி, மிதிக்க மிதிக்கச் செயின் பக்கக் கப் தானே கழன்றுவர வழி செய்த நாடு உலகத்தில் சிறந்த சைக்கிள்களைச் செய்தது என்பதை எப்படி விளங்கிக்கொள்வது? மரை கழன்றவர்களே இதில் ஈடுபடுவார்கள் என்று ஊர் சொல்வதில் ஆதாரம் இல்லாமல் இல்லை.

ஒரே நாட்டு உறுப்பும் உறுப்பும் சேர்ந்தால் இயல்பு புணர்ச்சி. வேறு நாட்டவை சேர்ந்தால் விகாரம். அது தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று. ஸ்டெமின் வாய் 26.4 மில்லிமீட்டர் சினெல்லியாகவும் ஹேண்டில்பார் அதைவிடச் சற்று மெலிந்ததாகவும் இருக்கும்போது, நடுவே பீர் டின்னை வெட்டி ஒரு தகடு செருகுவார்கள், இது தோன்றல். பிரெஞ்சு ஃபோர்க்குக்கு 22.0 ஸ்டெம் வேண்டும், கையில் இருப்பது 22.2, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறக்குவது திரிதல். 14 மில்லிமீட்டர் பிரெஞ்சு பெடல் துளையை 9/16 அங்குலத்துக்கு மறுபடி மரை வெட்டுவதும் அதுவே. மூன்றாவதைச் செய்ய எந்தத் திறமையும் வேண்டாம். பிரெஞ்சுக் கப்பை ஆங்கில ஃப்ரேமில் ‘கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது’ என்று சொல்லிக்கொண்டே நீளமான ஸ்பேனரால் திருகினால் போதும். கெட்டுப்போன ஆங்கில மரைக்குக் கடைசி வைத்தியம், அதை 36 மில்லிமீட்டருக்குக் குடைந்து இத்தாலியமாக்குவது.

விற்பவர் ஆகவே காலிப்பரும் மரை அளவியும் இல்லாமல் ஒரு விளம்பரமும் எழுதக் கூடாது. ‘பழைய பிபி கப், நல்ல நிலை’ என்று எழுதினால் யாரும் வாங்க மாட்டார்கள். ‘சுவிஸ், செயின் பக்கம், இடமரை’ என்று எழுதிவிட்டால், இதுவரை பார்த்திராத ஊரிலிருந்து ஒருவர் விலை கேட்காமலேயே முகவரி அனுப்புவார். அவருடைய ஃப்ரேம் அந்த ஒரு கப்புக்காகச் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும்.

விற்கும் முறையும் மூன்று: தொகை, வகை, விரி. மொத்தத்தையும் ஒரு வியாபாரியிடம் தள்ளிவிடுவது தொகை. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் வாங்கிய தலைமுறைக்கு இது புதிதல்ல. அன்று மாலையே அறை காலி, மனசு ஒரு மாதிரி. ஒரு கம்பெனியின் ஒரு வரிசை உறுப்புகளைச் சேர்த்து விற்பது வகை. ஒவ்வொன்றாக விற்பது விரி. பணம் கூடும், ஆனால் வருடங்கள் பிடிக்கும், கடைசியில் பிரெஞ்சு சாமான்கள் மட்டும் மிஞ்சும். இவ்வாசிரியர் கருத்து: முழுதாக இருக்கும் அசல் சைக்கிளை எக்காரணம் கொண்டும் பிரிக்கக் கூடாது; டப்பாவில் தனியாகக் கிடப்பதை விரியாகவே விற்க வேண்டும். பிரெஞ்சு மிச்சத்தைத் தொகையாக, முடிந்தால் ஒரு பிரெஞ்சுக்காரரிடம்.

குற்றம் ஒன்றைச் சொல்லாமல் விடலாகாது. பழைய கம்பஞோலோ கிராங்க் ஐந்து விரலாகப் பிரியும் கவட்டில் மயிரிழை விரிசல் விடும். மண்ணெண்ணெயில் கழுவி, வெளிச்சத்தில் சாய்த்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். விரிசல் இருந்தால் சுவர்க் கடிகாரம் செய்பவருக்கு, அப்படி என்று எழுதியே கொடுக்கலாம். எழுதாமல் கொடுப்பவர் இவ்விலக்கணத்துக்குப் புறம்பு, சட்டத்துக்கு உள்.

புறனடை. மேற்சொன்னவற்றுள் அடங்காததை இதனால் கொள்க. அடங்காதவற்றுள் முதன்மையானது கம்பஞோலோ அறுபதுகளில் செய்யத் தொடங்கிய பெரிய கார்க் திருகி. சைக்கிளில் எங்கும் மாட்ட முடியாது. ஆனால் சேகரிப்பவர் யாரும் அதைச் சேகரிப்பில் சேராதது என்று சொன்னதில்லை. இந்நூலில் வந்த மரைகளுள் இத்தாலிய, பிரெஞ்சு, ஆங்கில வேறுபாடின்றி எந்த நாட்டுப் பொருளிலும் தகராறில்லாமல் ஏறுவது இது ஒன்றே. இது பெயரா வினையா என்பதில் உரைகாரர்கள் மாறுபடுவர். வாங்க வருபவர் பாட்டிலோடு வந்தால் வினை; வெறுங்கையோடு வந்தால் பெயர் என்க.