மாதாவுக்கு ஏழாம் மாசம்

ஏலே மருமவனே, கடை வாசல்ல தோரணமா ஸ்டார் தொங்குது. உள்ள வந்தா கிறிஸ்துமஸ் தாத்தா இடுப்ப ஆட்டிக்கிட்டு மணி அடிக்காரு. யாவாரம் நல்லா நடக்கட்டும், எனக்கு வயித்தெரிச்சல் ஒண்ணும் கிடையாது. ஆனா இப்பம் அக்டோபர்தான நடக்கு? ஆயுத பூசைக்கு வச்ச பொரி இன்னும் கல்லாப்பெட்டி ஓரத்துல சிந்திக் கெடக்கு. அந்தா அந்தத் தட்டப் பாரு. விக்காம மிஞ்சுன கொலு பொம்மை, தசாவதாரம் செட்டு. அதுக்குப் பக்கத்துலயே பஞ்சுத் தாடியோட ஒன் தாத்தாவ நிப்பாட்டியிருக்கே. பதினோராவது அவதாரம்னு எவனாவது சேத்து வாங்கிட்டுப் போயிறப் போறான்.

சரி, கெழவன் சொல்லுதத கேளு. கபிரியேல் சம்மனசு வந்து மாதாவுக்கு மங்கள வார்த்தை சொன்ன திருநாள் மார்ச் 25. அதுல இருந்து ஒம்போது மாசம் எண்ணினா டிசம்பர் 25. அப்பம் அக்டோபர்ல மாதாவுக்கு எத்தனாவது மாசம்? வெரல் விட்டு எண்ணு. ஏழு. ஏழாம் மாசம் நம்ம ஊர்ல என்ன செய்வாவ? வளைகாப்பு. அப்பம் நீ வளவி வித்தா ஞாயம். புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு கிண்டச் சாமான் வித்தா அதுவும் ஞாயம். நீ என்னடான்னா பிள்ளையவே வித்துக்கிட்டு இருக்கே!

குடில் செட்டுன்னு எழுதியிருந்த அட்டப்பெட்டியத் தொறந்து பாத்தேன். மாட்டுக்கொட்டில், சூசையப்பர், மாதா, ஒரு மாடு, ஒரு கழுதை, நடுவுல பாலன். பாலன தீவனத் தொட்டியோட சேத்து ஒரே அச்சுல வார்த்திருக்கான். பிச்செடுத்தாலும் வரல. கோயில்ல அப்பிடியா? நடுச்சாமப் பூசையிலதான் சாமியார் பாலனக் கொண்டாந்து கெடத்துவாரு. அதுவரைக்கும் தொட்டி வெறுமனதான் கெடக்கும். அந்த வெறுந்தொட்டியப் பாத்துக்கிட்டே நாலு ஞாயித்துக்கெழம இருக்கணும். அதுக்குப் பேருதான் திருவருகைக் காலம். நவம்பர் 27-க்கு முந்தி தொடங்காது, டிசம்பர் 3-ஐத் தாண்டித் தள்ளியும் போவாது. அந்த நாலு ஞாயிறும் சாமியார் பெரும்பாலும் ஊதா உடுப்புல வருவாரு, பூசையில வானவர் கீதம்கூடப் பாட மாட்டாவ. ஒன் கடையில பாலன் அக்டோபர்லயே பொறந்து, பிளாஸ்டிக் உறைக்குள்ள வேர்த்துக் கெடக்கு. மூணு ராசாக்கமாரு சனவரி 6-ந்தேதி வந்து சேர வேண்டியவிய. அவியளும் ஒட்டகத்தோட வந்து எறங்கிட்டாவ.

பெட்டி அடியத் திருப்பினா சீனா. அங்க யீவூன்னு ஒரு ஊரு இருக்காம். உலகத்துல விக்கிற கிறிஸ்துமஸ் சாமான்ல பெரும்பங்கு அங்கன இருந்துதான் வருதாம். மேலநாட்டுக்குப் போற சரக்கு ஆகஸ்டுக்குள்ள கப்பலேறணும். அப்பம் அந்த ஊர்ல பஞ்சுத்தாடி ஒட்டுத பிள்ளைக்கு நம்ம சித்திரை வெயில்லயே கிறிஸ்துமஸ்தான். ஒன்னப் போயி நான் குத்தம் சொல்லுதேன் பாரு.

நம்ம தெருவுல இருந்து கப்பல்ல வேல பாக்கானே ஒரு பய, அவன் ஒண்ணு சொன்னான். கூட இருக்கிற பிலிப்பைன்ஸ்காரனுவ செப்டம்பர் 1 விடிஞ்சாப் போதும், கிறிஸ்துமஸ் பாட்டப் போட்டுருவானுவளாம். 'பர்'னு முடியுத மாசம் நாலும் அவனுக்குப் பண்டிகை மாசம். ஒடனே தலைய ஆட்டாதே. அவனுக்கு டிசம்பர் 16-லேருந்து ஒம்போது நாளு, கோழி கூப்பிடுத நேரத்துல பூசை. நீ எட்டரை மணிப் பூசைக்கே பிரசங்கம் முடியவும் வந்து தூணுக்குப் பின்னால நிக்கிறவன். செப்டம்பர்ல பாட்டுப் போட அவனுக்கு உரிமை உண்டு. லண்டன்ல செல்ஃப்ரிட்ஜஸ்னு பெரிய கடை, ஆகஸ்ட் பொறக்கவுமே கிறிஸ்துமஸ் சாமானுக்குத் தனி எடம் ஒதுக்கித் தொறந்திருக்கான். அங்க ஆகஸ்ட்டுங்கது நல்ல வெயில் காலம்.

ஆனாலும் அமெரிக்காக்காரன் கிட்ட நீங்க எல்லாரும் தோத்தியோ. அங்க அப்பம் நவம்பர் கடேசி வியாழன் நன்றி சொல்லுத திருநாள். அது முடியாம கிறிஸ்துமஸ் விளம்பரம் போடுதது மரியாத இல்லன்னு கடைக்காரங்களுக்குள்ள ஒரு கட்டுப்பாடு இருந்துது. 1939-ல அந்த வியாழன் போயி 30-ந்தேதியில விழுந்துட்டு. விக்கதுக்கு நாள் பத்தாதேன்னு முதலாளிமாரு போயி நிக்க, சனாதிபதி ரூஸ்வெல்ட் என்ன பண்ணாரு தெரியுமா? திருநாளையே ஒரு வாரம் முன்னால இழுத்து 23-ந்தேதின்னுட்டாரு. நாடு ரெண்டாப் போச்சு. கொஞ்சம் மாகாணம் 23-ங்கான், கொஞ்சம் மாகாணம் 30-ங்கான். டெக்சாஸ்காரன் எதுக்கு வம்புன்னு ரெண்டு நாளும் லீவு விட்டுட்டான். வான்கோழிக்குத்தான் ரெண்டு மடங்கு சோலி முடிஞ்சுது. கடேசியில 1941-ல, நவம்பர் நாலாவது வியாழன்னு சட்டம் போட்டு முடிச்சானுவ. ஏலே, நீயும் போப்பாண்டவருக்கு ஒரு மனுவத் தட்டிவிடு. கிறிஸ்துமஸ ஆடி மாசத்துக்கு மாத்தித் தரச் சொல்லு. தள்ளுபடியோட சேத்து வித்துரலாம். ஆடித் தள்ளுபடியவே ஆனியில ஆரம்பிக்கிற ஆளுவதான நீங்க!

முந்தியே செய்ய வேண்டியதும் உண்டு, இல்லேங்கல. கேக்குக்கு ஊறப் போடுத பழம் இருக்கே, திராட்சை, செர்ரி, முந்திரி, அதெல்லாம் ரம்முல ஒரு மாசத்துக்கு மேல கெடந்தாத்தான் சொகம். மெட்ராஸ்ல ஸ்டார் ஓட்டல்காரன் தொப்பியும் கையொறையும் மாட்டிக்கிட்டு அக்டோபர்லயே கேக் மிக்சிங் நடத்துதான். பாதி போட்டோவுக்குத்தான், ஆனா மீதி பாதிக்குக் காரணம் உண்டு. ஒன் பிளாஸ்டிக் ஸ்டார் ரெண்டு மாசம் தொங்கி என்ன ருசி ஏறப்போவுது? ஐப்பசி மழை சாச்சு அடிச்சா சாயம்தான் எறங்கும்.

ஒங்க அத்தைகிட்டப் போயிக் கேளு. குடிலுக்குப் புல்லு வேணும்னா அவ கடைக்கு வரமாட்டா. பழைய தட்டுல மண்ணப் பரப்பி, ராத்திரி ஊறின கேப்பையத் தூவி, மேல ஈரச்சாக்கப் போட்டு மூடுவா. ரெண்டு மூணு நாள்ல வெள்ளையா முளை எட்டிப் பாக்கும், சாக்க எடுத்துட்டுக் கையால தண்ணி தெளிப்பா. டிசம்பர் 14, 15 வாக்குல வெதச்சா பண்டிகை ராத்திரிக்கு நாலு விரக்கடை பச்சப்பசேல்னு நிக்கும். முந்தி வெதச்சா மஞ்சளாப் பழுத்துச் சாஞ்சுரும். பிந்துனா மாதா காலடியில மண்ணுதான் தெரியும். வீட்டுல இருக்கிற பேரன் பேத்தியெல்லாம் காலையில எந்திச்சதும் பல்லு வெளக்காம அந்தத் தட்டப் போயிப் பாக்கும், இன்னைக்கு எம்புட்டு வளந்துட்டுன்னு. அதுவ காத்துக்கிட்டு கெடக்குத அந்தப் பத்து நாளுக்கு நீ வெல போட முடியாது. அக்டோபர்லயே ஸ்டாரக் காட்டினா, பிள்ளைக்கு டிசம்பர் வாரதுக்குள்ள சலிச்சுப் போவும். தீபாவளி வெடிச் சத்தத்துல ஒன் தாத்தா மணி அடிக்கது எவன் காதுல விழும்?

இதுலயும் பெரிய கூத்து ஒண்ணு இருக்கு. எங்களுக்கு 25-ந்தேதிதான் திருநாள் தொடங்கவே செய்யுது. மூணு ராசா திருநாள் வரைக்கும் குடில் அப்பிடியே இருக்கும், ஸ்டாரும் எரியும். நீயோ மறுநாள் காலையிலயே எல்லாத்தையும் ஏறக்கட்டி, அந்தத் தட்டுல புது வருச டைரியும் பொங்கல் கோலப்பொடியும் அடுக்கிருவே. மாப்பிள்ளை மணவறையில உக்காரும்போது பந்தலப் பிரிக்கிற ஆளு நீ.

ஆனா எனக்கு அதுல வருத்தம் ஒண்ணுமில்ல. டிசம்பர் 26 காலையில பத்து மணிக்கு வாரேன். பாதி வெலன்னு போர்டு தொங்கணும். வாசல்ல கெடக்கிற அந்தப் பெரிய செவப்பு ஸ்டார எவனுக்கும் குடுத்துறாத. ஒயரும் பல்பும் சும்மா தரணும், அத்தையோட அண்ணன் மவங்கிற முறைக்கு.