கொஞ்சம் பிழையாகச் சொல்லுங்கள், ஐயா

பெறுநர்:
தலைமை அதிகாரி அவர்கள்,
பிரித்தானிய வானிலை அலுவலகம்,
எக்ஸெட்டர்.

பொருள்: தங்கள் புயல் முன்னறிவிப்புகள் அளவுக்கு மீறிச் சரியாக இருப்பதால் நாட்டுக்கு ஏற்படும் இடையூறு தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா / அம்மா,

வானிலையைக் குறை சொல்லாதவனுக்கு இந்த நாட்டில் குடியுரிமை கொடுக்கமாட்டார்கள் என்று லண்டனுக்கு வந்த புதிதில் யாரோ சொன்னார்கள். குடியுரிமை கிடைத்துப் பல காலமாகியும் உங்கள் அலுவலகத்தின் மேல் ஒரு முறைப்பாடுகூட வைக்காமல் இருந்துவிட்டேன். அந்தக் கடனைத் தீர்க்கவே இந்த மனு.

என் முறைப்பாடு இதுதான்: நீங்கள் சொல்லும் புயல் வந்துவிடுகிறது. சொன்ன நாளில், சொன்ன திசையிலிருந்து, அநேகமாகச் சொன்ன மணிக்கே வந்துவிடுகிறது. இன்றைய நான்கு நாள் முன்னறிவிப்பு, முப்பது வருடங்களுக்கு முந்திய ஒரு நாள் முன்னறிவிப்பின் அளவுக்குச் சரியானது என்று நீங்களே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறீர்கள். போதாததற்கு 2020இல் 120 கோடி பவுண் திட்டம் ஒன்று போட்டு, இன்னும் பெரிய கணினியும் எடுத்துவிட்டீர்கள். இந்தத் திறமையால் எத்தனை பேரின் நிம்மதி கெடுகிறது என்று ஒரு தடவையாவது யோசித்தீர்களா?

1987ஐ நினைத்துப் பாருங்கள். அக்டோபர் 15ஆம் திகதி மதியம் பிபிசியில் வானிலை அறிவிப்பாளர் மைக்கேல் ஃபிஷ் தோன்றி, சூறாவளி வருகிறதாமே என்று ஒரு பெண்மணி தொலைபேசியில் கேட்டதாகவும், அப்படி ஒன்றும் இல்லை, கவலை வேண்டாம் என்றும் சிரித்த முகத்தோடு சொன்னார். அன்றிரவே தென் இங்கிலாந்தைக் காற்று புரட்டிப்போட்டது. 18 பேர் இறந்தார்கள். ஒன்றரைக் கோடி மரங்கள் சரிந்தன. ஏழு ஓக் மரங்களால் பெயர்பெற்ற செவனோக்ஸில் ஆறு விழுந்து ஒன்று மிஞ்சியது. தான் சொன்னது அட்லாண்டிக்கின் மறுகரையில் இருந்த வேறொரு சூறாவளியைப் பற்றி என்று பாவம் அந்த மனிதர் பிறகு எவ்வளவோ விளக்கினார். கேட்க ஆளில்லை. நாடு முழுவதன் பழியையும் சுமக்க ஒரு மனிதர் கிடைத்துவிட்டாரே! மின்சாரக்காரர், ரயில்காரர், கவுன்சில்காரர் எல்லோரும் அவர் முதுகுக்குப் பின்னால் சௌகரியமாக நின்றுகொண்டார்கள். இப்போது அந்த முதுகை நீங்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

சரியாகச் சொன்னால் பிழை, பிழையாகச் சொன்னாலும் பிழை என்பது உங்கள் அலுவலகத்தின் பிறவிப் பலன். டார்வினை பீகிள் கப்பலில் ஏற்றிக்கொண்டு உலகம் சுற்றிய ராபர்ட் ஃபிட்ஸ்ரோய்தான் 1854இல் உங்கள் அலுவலகத்தைத் தொடங்கியவர். 1859இல் 'ரோயல் சார்ட்டர்' கப்பல் வேல்ஸ் கரையில் உடைந்து நூற்றுக்கணக்கானோர் மூழ்கிய பிறகு, தந்திக் கம்பி வழியாகப் புயல் எச்சரிக்கை அனுப்பும் ஏற்பாட்டை 1861இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். துறைமுகங்களில் எச்சரிக்கைக் கூம்பு ஏறியது. கூம்பைக் கண்ட மீனவர் கடலுக்குப் போகாமல் நின்றார்கள். படகு முதலாளிமாருக்குக் கோபம் வந்தது. உயிர் தப்பியதை யாரும் கணக்கெழுதுவதில்லை, நட்டத்தை எழுதுவார்கள். பத்திரிகைகளும் விஞ்ஞானிகளும் சேர்ந்து எள்ளினார்கள். 1865இல் ஃபிட்ஸ்ரோய் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். அடுத்த வருடமே எச்சரிக்கைகளை நிறுத்தினார்கள். கரையோர மக்கள் போட்ட கூச்சலில் 1867இல் திரும்பவும் தொடங்கினார்கள். இப்போது அவர் பெயரில் ஒரு கடற்பரப்பு இருக்கிறது. வானொலியின் கப்பல் முன்னறிவிப்பில் 2002இலிருந்து அதை வாசிக்கிறார்கள்.

நிற்க. என் வழக்குக்கு முதல் சாட்சி யூனிஸ்.

2022 பெப்ரவரி 14ஆம் திகதி, காதலர் தினமும் அதுவுமாக, அட்லாண்டிக்கில் இன்னும் சரியாக உருத்திரளாத ஒரு தாழமுக்கத்துக்கு நீங்கள் யூனிஸ் என்று பெயர் வைத்தீர்கள். பிறக்காத பிள்ளைக்குப் பெயர்சூட்டு விழா. கனடாப் பக்கத்துக் குளிர்காற்றும் வளைகுடா நீரோட்டத்தின் மேலிருக்கும் சூடான ஈரக்காற்றும் முட்டும் இடத்தில், மேலே ஜெட் காற்று வேகமாக ஓடினால், கீழே அழுத்தம் மளமளவென்று இறங்கும். 24 மணி நேரத்தில் 24 மில்லிபார் இறங்கினால் அதற்கு 'வெடிகுண்டு' என்று பெயர். இது நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டீர்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். புயலின் வால் பக்கத்தில் 'ஸ்டிங் ஜெட்' வரக்கூடும் என்ற பேச்சும் எழுந்தது. மேகத் தலையின் நுனியில் மழையும் பனியும் ஆவியாகிக் காற்றைக் குளிரவைக்க, அந்தக் கனத்த காற்று சில கிலோமீட்டர் உயரத்திலிருந்து தரைக்குச் சரிந்து விழும். சில மணி நேரந்தான், அகலமும் சில பத்துக் கிலோமீட்டர்தான். ஆனால் விழுந்த இடத்தில் கூரை இருக்காது. 1987 புயலின் தரவுகளைத் திரும்பத் துருவித்தான் வானிலை விஞ்ஞானி கீத் பிரவுனிங் இதை அடையாளம் கண்டார். பிழைவிட்ட புயலிலிருந்தே பாடம் படிப்பது என்ன பழக்கம் ஐயா? இங்கு வேறெந்த நிறுவனமும் அப்படிச் செய்து நான் கண்டதில்லை.

18ஆம் திகதி விடியுமுன் லண்டனுக்கும் தென்கிழக்குக்கும் சிவப்பு எச்சரிக்கை. காலையில் புயல். வைட் தீவின் நீடில்ஸ் முனையில் மணிக்கு 122 மைல், அதாவது 196 கிலோமீட்டர் வேகத்தில் வீசி இங்கிலாந்தின் சாதனையை முறித்தது. லண்டன் ஓ2 அரங்கத்தின் கூடாரக் கூரை கிழிந்து தொங்கியது. மூன்று உயிர்கள் போயின. 14 லட்சம் வீடுகளுக்கு மின்சாரம் நின்றது. அன்று நாட்டில் ஒழுங்காக இயங்கியது ஹீத்ரோ ஓடுபாதை ஓரத்தில் நின்று விமானங்கள் தள்ளாடி இறங்குவதை நேரலையாகக் காட்டிய ஒரு தனி மனிதரின் கமரா மட்டுமே. ஒரே நேரத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். ரயில் இல்லாதபடியால் வேலைக்குப் போகும் பிரச்சினை இருக்கவில்லை.

இனிமேல்தான் என் சிக்கல். நான்கு நாட்களாக நாடே பெயர் சொல்லிப் பேசிய புயல் அது. எதிர்வீட்டுப் பாட்டி தன் பூச்சட்டிகளை உள்ளே எடுத்துவிட்டார். பெயர் சொல்ல விரும்பாத ஒரு ரயில் கம்பனியோ 'எதிர்பாராத வானிலை' என்று பலகை எழுதியது. அதைப் படித்தபோது எனக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை, இரக்கம் வந்தது. 1991இல் பிரிட்டிஷ் ரெயில், விழுந்த பனி தங்கள் இயந்திரங்களுக்கு ஏற்ற வகைப் பனியல்ல என்று சொல்லித் தப்பியதாகப் பத்திரிகைகள் எழுதின. அந்தக் கற்பனை வளம் எங்கே, இது எங்கே! நீங்கள் இரண்டு நாட்களுக்கு முன்வரையாவது வாய்திறக்காமல் இருந்திருந்தால் அந்தப் பலகையில் ஒரு நேர்மை இருந்திருக்கும்.

உங்கள் நிறங்களைப் பற்றியும் ஒரு சொல். மஞ்சள், அம்பர், சிவப்பு. பார்த்தால் வீதி விளக்குப் போல எளிது. உள்ளே போனால் நாலுக்கு நாலு பதினாறு கட்டங்கள். ஒரு பக்கம் நடக்கும் வாய்ப்பு, மறுபக்கம் நடந்தால் வரும் பாதிப்பு. நிச்சயமாக நடக்கப்போகும் சிறு தொல்லைக்கும் மஞ்சள், நடந்தாலும் நடக்கலாம் என்ற பெரும் நாசத்துக்கும் அதே மஞ்சள். எந்த மஞ்சள் என்று அறியக் கட்டத்தில் எங்கே சரி அடையாளம் விழுந்திருக்கிறது என்று தேட வேண்டும். எங்கள் ஊர்ச் சாத்திரிமார் பன்னிரண்டு கட்டத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். இந்தக் கட்டத்தைச் சரியாகப் படிப்பவர்கள் உங்கள் அலுவலகத்துக்கு வெளியே எத்தனை பேர் என்று தெரியாது. மஞ்சளைக் கண்டால் தொப்பி எடுத்துப்போகிறோம், அவ்வளவுதான்.

நீடில்ஸ் முனையில் 122 மைல் என்பது சரித்திரத்துக்கு. என் பின்வளவில் நடந்தது வேலிப் பிரச்சினை. ஒவ்வொரு குளிர்காலத்திலும் இந்த நாட்டுப் புறநகரெங்கும் பலகை வேலிகள் அடியோடு படுக்கும். அடுத்த நாள் காலை இரண்டு வீட்டாரும் கையில் தேநீரோடு வெளியே வந்து, விழுந்த பலகையைப் பார்த்து, மிகுந்த மரியாதையோடு அதை மற்றவருடையதாக்க முயல்வார்கள். வீட்டிலிருந்து பார்க்க இடப்பக்க வேலி நமது என்று ஊரெல்லாம் நம்புகிறது. சட்டத்தில் அப்படி எதுவும் கிடையாது. காணி உறுதியோடு இருக்கும் வரைபடத்தில் 'டி' அடையாளம் எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும், பாதி வீடுகளுக்கு அதுவும் இருக்காது. வேலி வழக்குகளால் அப்புக்காத்துமார் மாடிவீடு கட்டிய யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன் நான். அங்கே இரவோடு இரவாகக் கதியாலை நகர்த்திக் காணியைக் கூட்டுவார்கள். இங்கே வேலி எனதல்ல என்று நிரூபிக்கப் போட்டி. வெள்ளைக்காரன் நாகரிகமானவன் என்பதை அன்றுதான் முழுமையாக ஒப்புக்கொண்டேன்.

காப்புறுதிக்கு எழுதினால் அங்கேயும் உங்கள் கைவரிசை. புயல் என்றால் என்ன என்பதற்கு அவர்களிடம் வரைவிலக்கணம் உண்டு: வீச்சு மணிக்கு 55 மைலையாவது தொட வேண்டும். அருகிலுள்ள வானிலை நிலையத்தின் பதிவை எடுத்துப் பார்ப்பார்கள். தொடாவிட்டால் உங்கள் வேலியை விழுத்தியது வெறும் காற்று. தொட்டுவிட்டால், வேலியும் படலையும் புயல் சேதத்தில் சேராது என்று பல ஒப்பந்தங்களில் பொடி எழுத்தில் இருக்கும். உங்கள் எண்களை இவ்வளவு பயபக்தியோடு படிக்கும் தரப்பு இந்த நாட்டில் இது ஒன்றுதான்.

வேலிக்கு அடுத்தது டிராம்பொலின். பிள்ளைகள் குதிக்கும் அந்த வட்டச் சாமான் காற்றுக்குக் கிளம்பி, பல வேலிகளைத் தாண்டி, தேடிப்போய் ரயில் தண்டவாளத்திலேயே இறங்கும். கட்டிவையுங்கள் என்று ஒவ்வொரு புயலுக்கும் ரயில் பாதையைப் பராமரிக்கும் நெட்வேர்க் ரெயில் கெஞ்சுகிறது. நாங்களும் எதிர்பாராத வானிலை என்றே சொல்கிறோம். கம்பனிகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

சிரிக்க முடியாத சாட்சி ஒன்றும் உண்டு. 2021 நவம்பர் 26இல் வந்த அர்வென் புயல். அதற்கும் முதல் நாளே சிவப்பு எச்சரிக்கை கொடுத்திருந்தீர்கள். இந்த நாட்டு மரங்கள் தென்மேற்குக் காற்றுக்கு வேரூன்றிப் பழகியவை. அர்வென் வடக்கிலிருந்து அடித்தது. நோதம்பர்லாந்தின் பிரிஸ்லி வூட்டில் மணிக்கு 98 மைல். மரங்கள் கம்பிகள்மேல் விழுந்தன. ஏறத்தாழ பத்து லட்சம் வீடுகள் இருண்டன. அவற்றில் சில ஆயிரம் வீடுகளுக்கு ஒரு வாரம் கழிந்தும் மின்சாரம் வரவில்லை. டிசம்பர்க் குளிரில், கிராமத்தில், முதியவர்கள். பின்னர் விசாரித்த எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான ஒஃப்ஜெம், மக்களுக்குத் தகவல் சொன்ன விதம் போதாது, நட்டஈடு கொடுத்ததும் தாமதம் என்று எழுதிவைத்தது. அதே புயலின் பனியில் யோர்க்ஷயரின் டான் ஹில் மதுக்கடைக்குள் ஓர் இசைக்குழுவோடு மூன்று இரவுகள் சிக்கியவர்களைப் பற்றி மட்டும் உலகமெங்கும் செய்தி வந்தது. இருட்டில் இருந்த வீடுகளில் வாத்தியம் இல்லை போலும்.

மின்சாரம் போனால் 105 என்ற எண்ணை அழைக்கச் சொல்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் செம்புக் கம்பித் தொலைபேசிகளை எல்லாம் 2027 ஜனவரிக்குள் இணையத்துக்கு மாற்றி முடிக்கிறார்கள். புதிய தொலைபேசிக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் இல்லை என்று சொல்வதற்கு மின்சாரம் வேண்டும் என்ற தத்துவத்தை எந்த அத்வைதியிடம் கேட்டு விளங்கிக்கொள்வது?

கைப்பேசி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2024 டிசம்பரில் டாரா புயலுக்கு வேல்ஸிலும் தென்மேற்கிலும் 30 லட்சம் பேருக்கும், அடுத்த மாதம் எயோவின் புயலுக்கு ஸ்கொட்லாந்திலும் வட அயர்லாந்திலும் 45 லட்சம் பேருக்கும் சங்கொலியோடு செய்தி அனுப்பினார்கள். இறந்தவன் எழும்பும் சத்தம். இனி யாரும் தெரியாது என்று சொல்லவே முடியாது. இதைத்தான் நான் இடையூறு என்கிறேன்.

புயல்களின் பெயர்களைப் பற்றிச் சுருக்கமாக: 2015இலிருந்து அயர்லாந்தோடும் பிறகு நெதர்லாந்தோடும் சேர்ந்து பட்டியல் போடுகிறீர்கள். ஆங்கில அகரவரிசையில் U, Y உட்பட ஐந்து எழுத்துகளை விட்டுவிடுகிறீர்கள். ஆகையால் உமாபதி, யோகேஸ்வரன், யாழினி ஆகியோர் எவ்வளவு சீறினாலும் இங்கே புயலாக முடியாது. எங்கள் மட்டக்களப்பை 1978 நவம்பர் 23இல் சிதைத்ததை இன்றும் எழுபத்தெட்டுச் சூறாவளி என்றுதான் சொல்கிறோம். பெயர் இல்லாத குறையால் யாரும் மறந்துவிடவில்லை.

ஆகவே கனம் பொருந்திய ஐயா, அடுத்த குளிர்காலத்தில் ஒரு புயலையாவது தவறவிடுங்கள். சின்னப் புயலாக, ஆட்களுக்குச் சேதமில்லாததாக இருக்கட்டும். ஒரு தடவை நீங்கள் தடுமாறினால், கம்பியோரத்து மரக்கிளையை வெட்டாத மின்சாரக் கம்பனிக்கும், வடிகால் இலையை அள்ளாத கவுன்சிலுக்கும், மாற்றுப் பேருந்து ஒழுங்கு செய்யாத ரயில் கம்பனிக்கும் 1987க்குப் பிறகு முதல் தடவையாக ஓர் உண்மையான சாட்டுக் கிடைக்கும். அவர்களும் பிள்ளைகுட்டிக்காரர்.

அது உங்கள் தொழில் தர்மத்துக்கு ஒவ்வாது என்றால், இந்தக் கடிதத்தின் பிரதிகளை மேற்படி மூவருக்கும் அனுப்பிவையுங்கள். புயலுக்கு நான்கு நாட்களுக்கு முன்னதாக அனுப்பினால் போதும். அவர்கள் வாசித்தார்களா என்பதை மட்டும் எனக்கு அறியத்தாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இடப்பக்க வேலி தனதல்ல என்று இன்னும் வாதாடும் ஒரு லண்டன்வாசி