மஞ்சள் விளக்கும் மூவகை ஏதுப்போலியும்: செக் எஞ்சின் லைட் குறித்த ஓர் அளவையியல் ஆய்வு

டேஷ்போர்டில் எரியும் மஞ்சள் நிற எஞ்சின் படம், கார் தன் உரிமையாளரிடம் நேரடியாகப் பேசும் பேச்சு என்றே உலகம் நம்பி வருகிறது. இந்நம்பிக்கை பிழையானது என்பதும், ஒர்க்‌ஷாப் பில்களைப் பெருக வைப்பதில் இந்தப் பிழைக்குப் பெரும்பங்கு உண்டு என்பதும் இக்கட்டுரையின் துணிபு. அந்த விளக்கு உரிமையாளரை மனத்தில் வைத்துப் பிறந்ததே அல்ல. புகைமூட்டத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த கலிஃபோர்னியா, கார் தன் புகைக்கட்டுப்பாட்டுக் கருவிகளைத் தானே கண்காணித்துக்கொள்ள வேண்டும் என்று 1988 மாடல் முதல் விதித்தது. அதன் விரிந்த இரண்டாம் வடிவம் 1996 மாடல் முதல் அமெரிக்கா முழுவதும் கட்டாயமாயிற்று. 2001-இல் ஐரோப்பாவின் பெட்ரோல் கார்களைப் பிடித்தது. இந்தியாவில் பிஎஸ்-4 கார்களுக்கு 2010-இல் முதல் கட்டமும் 2013-இல் இரண்டாம் கட்டமும் வந்து சேர்ந்தன. புகை அனுமதித்த அளவைப்போல் ஒன்றரை மடங்கைத் தாண்டக்கூடும் என்றால் விளக்கு எரிய வேண்டும் என்பது அமெரிக்க விதியின் பொதுவான அளவுகோல். ஆக, செக் எஞ்சின் லைட் என்பவர் நம் காசில் வாங்கிய காருக்குள் குடியமர்த்தப்பட்ட ஓர் அரசு ஊழியர். அவருக்கு ஒதுக்கிய இலாகா புகை. நம் பர்ஸ் அந்த இலாகாவில் வராது.

இப்படிப்பட்ட விளக்கை எப்படி வாசிப்பது என்பது பார்வைக்கு எஞ்சினியரிங் கேள்வி. உள்ளபடிக்கு அது அளவையியல் கேள்வி. கண்ணுக்குத் தெரிவதை வைத்துத் தெரியாததைத் துணிவதுதானே இங்கு நடக்கிறது? அதற்குரிய முறையான பாடம் தமிழில் மணிமேகலையின் 29-ஆம் காதையில் இருக்கிறது. அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் கற்பிக்கும் அந்தப் பகுதியைத் தமிழ் முதுகலை மாணவர்கள் பரீட்சைக்கு முந்தைய இரவில் கும்பிட்டுவிட்டுத் தாண்டிப் போகிறார்கள். மெக்கானிக்குகள் எட்டியே பார்ப்பதில்லை. நஷ்டம் கார்காரருக்கு. ‘இந்த மலையில் நெருப்பு உண்டு’ என்பது பக்கம். ‘புகை இருப்பதால்’ என்பது ஏது. ‘அடுக்களையைப் போல’ என்பது திட்டாந்தம். மூன்றும் கூடினால்தான் துணிபு நிற்கும். ஏதுவில் பழுது இருந்தால் அது ஏதுப்போலி. அசித்தம், அநைகாந்திகம், விருத்தம் என அது மூவகைப்படும். செக் எஞ்சின் லைட் நமக்குத் தருவது ஏது ஒன்றை மட்டும். ‘இந்தக் காரில் இன்ன பாகம் கெட்டிருக்கிறது’ என்ற பக்கத்தை அது ஒருநாளும் உரைப்பதில்லை. அந்தக் காலியிடத்தை யாரோ ஒருவர் நிரப்புகிறார். நிரப்புபவர் எவ்வளவு நேரம் யோசித்தார் என்பதற்கு நேர்மாறாகப் பில் தொகை அமைகிறது.

‘ஸ்கேனர் மாட்டினால் பக்கமும் தெரிந்துவிடுமே’ என்று முதல் தடை எழும். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 முனை சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினால் ஐந்து எழுத்துக் கோடு ஒன்று வரும் என்பது உண்மை. முதல் எழுத்து ‘பி’ என்றால் எஞ்சின், கியர் சார்ந்த கோளாறு; ‘சி’ என்றால் பிரேக், சஸ்பென்ஷன் பக்கம்; ‘பி-0’ என்று தொடங்கினால் எல்லா நிறுவனக் கார்களுக்கும் பொருள் ஒன்றே. ஆனால் இந்தக் கோடும் விரிவாக எழுதப்பட்ட ஏதுதான். எந்த அளவீடு எல்லை மீறியது என்று அது சொல்லும். ஏன் மீறியது என்று சொல்லாது. இதை உணராமல் கோடு எந்தப் பாகத்தின் பெயரைச் சொல்கிறதோ அதையே கழற்றி மாற்றுவது நம் ஊரில் மட்டுமல்ல, கோடு பிறந்த நாட்டிலும் வழக்கமாக இருக்கிறது. அறவண அடிகள் வகுத்த மூன்று போலிகளும் இங்கே ஒன்றுவிடாமல் கிடைக்கின்றன என்பதை இனி நிறுவுவோம்.

முதலாவது அசித்தம், ஏதுவே மெய்யென்று நிறுவப்படாத நிலை. இரவில் வெளியே நிற்கும் காரின் பானட்டுக்குள் சூடு தேடி எலி புகுகிறது. கையோடு ஒயரையும் கடிக்கிறது. கோடு, இன்ன சென்சாரின் சர்க்யூட்டில் கோளாறு என்கிறது. ‘சென்சார் போயிடுச்சு சார்’ என்ற தீர்ப்போடு புதுச் சென்சார் பூட்டப்படுகிறது. அறுந்த ஒயர் அறுந்தபடியே கிடப்பதால் விளக்கு மறுபடி எரிகிறது. இரண்டாவது அநைகாந்திகம், ஒரே ஏது பல முடிவுகளுக்கும் பொருந்துவது. பி-0420 இதற்குக் கைகண்ட உதாரணம். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய தேன்கூடு போன்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு முன்னும் பின்னும் ஆளுக்கொரு ஆக்சிஜன் சென்சார் இருக்கும். பின்னால் இருப்பது முன்னால் இருப்பதைப் போலவே துள்ளத் தொடங்கினால், நடுவில் இருக்கும் கன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை என்று கம்ப்யூட்டர் முடிவு கட்டுகிறது. கன்வெர்ட்டர் வயதாகிச் செத்திருக்கலாம். பின் சென்சார் தளர்ந்திருக்கலாம். சைலன்சர் குழாயில் ஓட்டை விழுந்திருக்கலாம். எஞ்சின் ஆயிலைக் குடித்துப் புகைத்துக் கன்வெர்ட்டருக்கு விஷம் வைத்திருக்கலாம். மிஸ்ஸிங் அடிக்கும் சிலிண்டரிலிருந்து எரியாத பெட்ரோல் வந்து அதை உள்ளுக்குள் பொசுக்கியிருக்கலாம். பின்னிரண்டு காரணங்களில் எது உண்மையானாலும், புதுக் கன்வெர்ட்டர் பூட்டுவது அதையும் கொல்ல ஏற்பாடு செய்வதற்குச் சமம். விலை உயர்ந்த உலோகம் இரண்டு முறை சாகிறது. ஸ்பார்க் பிளக் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறது.

மூன்றாவதான விருத்தம் தருக்க மாணவர்களுக்கே அரிதில் விளங்குவது. ஏது, நிறுவ வந்ததற்கு நேர் எதிரானதை நிறுவிவிடும். பி-0171 என்ற கோட்டின் பொருள், கலவையில் காற்று மிகுதி, பெட்ரோல் குறைவு என்பது. ஆனால் முன் சென்சாருக்கு முந்தைய குழாயில் விரிசல் விட்டு வெளிக்காற்று உள்ளே இழுபட்டால் என்ன ஆகும்? சென்சாரின் மூக்கில் படுவது அந்த வெளிக்காற்று. பெட்ரோல் போதவில்லை என்று நம்பிய கம்ப்யூட்டர் இன்னும் பெட்ரோலை ஊற்றுகிறது. உண்மையில் சிலிண்டருக்குள் பெட்ரோல் வழிகிறது. கோடோ பற்றாக்குறை என்று சாதிக்கிறது. கோட்டை நம்பி பெட்ரோல் பம்ப்பையும் இன்ஜெக்டரையும் மாற்றுபவர், பசியே இல்லாத எஞ்சினுக்குப் பந்தி விரிக்கிறார். மூன்று போலிகளிலும் பொதுவான கூறு ஒன்று உண்டு. செலவு வைத்தது மூலக் கோளாறு அன்று. கோட்டின் பெயருக்கும் கோளாறின் பெயருக்கும் இடையில் ஓர் அனுமானப் படி இருக்கிறது என்பதை மறந்த மறதிதான் செலவு வைத்தது.

அணைந்த விளக்கு மறுபடி மறுபடி எரிவதற்கும் இதே மறதியில்தான் விடை இருக்கிறது. ‘கோடு அழிச்சுட்டேன் சார், ஓட்டிப் பாருங்க, திரும்ப வந்தா பார்க்கலாம்’ என்ற வாக்கியம் இத்துறையின் மகாவாக்கியம். ஆனால் பெரும்பாலான கோளாறுகளுக்கு, அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் பழுது தென்பட்ட பிறகே விளக்கு எரிய வேண்டும் என்பது கம்ப்யூட்டருக்கு இட்ட விதி. ஆகவே கோட்டை அழித்தால் எதையும் பழுதுபார்க்காவிட்டாலும் விளக்கு சில நாள் அணைந்தேதான் இருக்கும். அந்த நாட்களை இரு தரப்பும் குணமான காலம் என்று கொண்டாடுகின்றன. முன்பக்கம் கட்டிய எலுமிச்சம்பழமும் புகழில் பங்கு பெறுகிறது. மறுதலையாக, சரியான பழுதைச் சரியாகப் பார்த்துவிட்டுக் கோட்டை அழிக்காமல் விட்டால், குறையற்ற மூன்று ஓட்டங்கள் முடியும்வரை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். பொறுக்காத உரிமையாளர் இரண்டாவது ஒர்க்‌ஷாப்புக்குப் போய், கெடாத ஒன்றை மாற்றிக்கொண்டு வருவார். கோட்டை அழித்தவுடன் அணைந்த விளக்கு குணத்துக்குச் சான்றாகாது. பழுது பார்த்தவுடன் எரியும் விளக்கு தோல்விக்குச் சான்றாகாது. போதாக்குறைக்கு, கோட்டோடு சேர்ந்து இன்னொன்றும் அழிகிறது: பழுது பதிவான கணத்தில் எஞ்சினின் வேகம், சூடு, சுமை எவ்வளவு என்று கம்ப்யூட்டர் எடுத்து வைத்த குறிப்பு. பக்கத்தைத் தேடப் பயன்படும் குறிப்பு அதுதான்.

மணிமேகலையின் 27-ஆம் காதையில் வரும் அளவைவாதி அடுக்கும் பத்து அளவைகளில் அபாவமும் ஒன்று, இல்லாமையிலிருந்து அறிவது. பழைய கார் வாங்குபவர்கள் பெரிதும் நம்பியிருப்பது இதைத்தான்: விளக்கு எரியவில்லை, ஆகவே கார் நலம். சாவியை ஆன் செய்யும்போது எல்லா விளக்குகளும் ஒருமுறை எரிந்து, பிறகு அணைய வேண்டும். முதலில் எரியாத விளக்கு பிறகும் எரியாமல் இருப்பதில் காரின் பெருமை ஒன்றுமில்லை. யாரோ பல்பைக் கழற்றியிருக்கலாம். இந்த அபாவத்தின் உச்சத்தை ஃபோக்ஸ்வாகன் காட்டியது. சோதனைச் சாலையில் மட்டும் ஒழுக்கமாக நடக்கும்படி டீசல் கார்களில் மென்பொருள் எழுதியிருந்த விவகாரம் 2015 செப்டம்பரில் வெளிப்பட்டபோது, உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்களில் அது இருப்பதை நிறுவனம் ஒப்புக்கொண்டது. அமெரிக்காவில் விற்ற சில மாடல்கள் சாலையில் அனுமதித்த அளவைப்போல் 40 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்சைடைக் கக்கின. ஒன்றரை மடங்குக்கே எரிய வேண்டிய விளக்கு அந்தக் கார்களில் இதைக் காட்டிக்கொடுக்கவில்லை.

‘அப்படியானால் விளக்கைக் கண்டுகொள்ளாமல் ஓட்டலாம் என்கிறீரா?’ என்பது இரண்டாம் தடை. அல்ல. ஏது குறைபட்டது என்பதால் அது பொய் என்றாகிவிடாது. சிவப்பு அபாயம், மஞ்சள் எச்சரிக்கை, பச்சை இயக்கம் என்ற நிற மரபு உலகப் பொது. அலாவுதீன் விளக்கைப் போன்ற ஆயில் படம் சிவப்பாக எரிந்தால் அங்கே தருக்கத்துக்கு இடமில்லை; வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்த வேண்டும், தவறினால் எஞ்சினே போய்விடும். மஞ்சள் விளக்கு நிலையாக எரியாமல் சிமிட்டினால், மிஸ்ஸிங் இந்தக் கணமே கன்வெர்ட்டரைப் பொசுக்குகிறது என்று பொருள். இவற்றுக்கு மாறாக, அலட்சியமும் பயமும் ஒரே அளவு கெடுக்கும் இடமும் உண்டு. பிஎஸ்-6 டீசல் கார் தினமும் தி.நகருக்கும் மயிலாப்பூருக்கும் இடையிலேயே ஊர்ந்துகொண்டிருந்தால், அதன் கரி வடிகட்டி எரிந்து சுத்தமாகத் தேவைப்படும் சுமார் 600 டிகிரிச் சூட்டை எட்டாது; வடிகட்டி அடைபடும், விளக்கு எரியும். மருந்து எதுவென்றால், ஜிஎஸ்டி ரோட்டில் செங்கல்பட்டுப் பக்கம் நிதானமான வேகத்தில் நிற்காமல் ஒரு நடை போய் வருவது. விளக்கு எரிகிறதே என்று பயந்து காரை நிறுத்தி வைப்பவரும், எரியட்டும் என்று அதே தெருக்களில் ஊர்ந்துகொண்டிருப்பவரும் கடைசியில் அதே விலை உயர்ந்த வடிகட்டியின் எஸ்டிமேட்டில் சந்தித்துக்கொள்கிறார்கள். இந்த மருந்து ஆகமப் பிரமாணத்தில், அதாவது ஓனர்ஸ் மேனுவலில், எழுதியே இருக்கிறது. ஆகமமோ பிளாஸ்டிக் உறை கிழியாமல் டேஷ்போர்டு டப்பாவுக்குள் துயில்கிறது.

‘அம்பாசிடர் காலத்தில் இந்தத் தொல்லை இருந்ததா?’ என்பது மூன்றாம் தடை. வயதில் மூத்தவர்கள் எழுப்புவது. தொல்லை இருந்தது, அறிவிப்புதான் இல்லை. கார்புரேட்டர் கார் பெட்ரோலை வீணாக்கியபோது அதை உரைக்க ஒரு விளக்கு இல்லாததால், அந்தச் செலவு பங்க்கில் சில்லறையாகக் கரைந்து கணக்கில் ஏறாமல் போனது. அன்றைய மெக்கானிக் காதும் மூக்கும் கொண்டு காட்சி அளவையால் அறிந்தார் என்பது மெய். ஆனால் காட்சி அளவை கோளாறு முற்றிய பின்பே செயல்படும். இன்றைய சென்சார், மூக்குக்கு எட்டாத அளவிலேயே பழுதைப் பிடிக்கிறது. பழுதின் பெயரை மட்டும் நாம் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

‘இவ்வளவும் எதற்கு? ஒர்க்‌ஷாப்காரர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று ஒரே வரியில் முடிக்கலாமே’ என்பது கடைசித் தடை. பெரும்பான்மை ஆதரவு பெற்றது. ஏமாற்றுபவர்கள் இருக்கலாம். ஆனால் நாணயமான மெக்கானிக்கும் இதே பில்லைத்தான் தருவார் என்பதை இந்த வாதம் விளக்காது. பில்லின் அமைப்பைப் பார்த்தால் விளக்கம் கிடைக்கும்: ஸ்பேருக்கு ஒரு வரி, லேபருக்கு ஒரு வரி. ஒருவர் இரண்டு மணி நேரம் ஒயரைத் தடவிப் பார்த்து, எலி கடித்த இடத்தைக் கண்டு, டேப் சுற்றி அனுப்பினால், ‘ஒண்ணுமே மாத்தலையே, எதுக்குக் காசு?’ என்று கேட்கும் வாடிக்கையாளர், புதுச் சென்சாரின் அட்டைப்பெட்டியைக் கையில் கொடுத்தால் பல ஆயிரத்தைக் கேள்வியின்றிக் கட்டுகிறார். கழற்றி மாட்டுவதற்கு விலை உண்டு, யோசிப்பதற்கு இல்லை என்ற சந்தையில் எது பெருகும் என்று சொல்ல அளவையியல் தேவையில்லை.

ஆகவே இக்கட்டுரை முன்வைக்கும் சீர்திருத்தம் எளியது. ஒவ்வொரு எஸ்டிமேட்டிலும் பாகத்தின் பெயரை எழுதுமுன் மூன்று வரிகள் கட்டாயமாக வேண்டும். ஏது: வந்த கோடும், அது பதிவான கணத்தின் குறிப்பும். பக்கம்: கெட்டதாகக் கருதும் பாகம். திட்டாந்தம்: அந்தப் பாகம்தான், அதன் ஒயரோ ஹோஸோ அன்று என்று காட்டிய சோதனை. மூன்றாம் வரி காலியாக இருந்தால் ஸ்பேர் வாங்க வேண்டாம். சில நூறு ரூபாய்க்கு ப்ளூடூத் ஸ்கேனர் கிடைப்பதால் முதல் வரியை உரிமையாளரே எழுதிக்கொள்ளலாம். நான்காவதாக ஒரு வரியும் வேண்டும். யோசித்த கூலி என்று அதற்குத் தலைப்பிடலாம். முதல் மூன்று வரிகளை மெக்கானிக்கிடம் கேட்பது சுலபம். நான்காவதுக்கு முகம் சுளிக்காமல் பணம் எடுத்து வைப்பதுதான் கடினம். அதற்கு இசையாதவருக்கும் யோசனை இலவசமாகக் கிடைக்கத்தான் செய்யும். ஆனால் இலவசமாகக் கொடுக்கக் கட்டுப்படியாகும் அளவுக்கு மேல் ஒரு நிமிடமும் கிடைக்காது.