பாலம் மிச்சப்படுத்திய நேரம்

1988 வரை இராமேசுவரம் தீவுக்குச் சாலை கிடையாது. பஸ்ஸோ காரோ மண்டபம் என்ற ஊரோடு நின்றுவிடும், அதற்கப்பால் கடல். 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தை நம்பித்தான் யாத்திரிகர்கள் இராமநாதசுவாமியைப் பார்க்கப் போனார்கள். 1988 அக்டோபர் 2-ஆம் தேதி சாலைப் பாலம் திறந்ததும், தலைமுறை தலைமுறையாக இருந்த அந்த நிலை மாறியது. அதற்கு முன்பும் போனவன், பின்பும் போனவன் என்ற முறையில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். முழுப்பரீட்சை லீவு விட்டதும் அப்பத்தா கிளப்பிவிட்ட பயணம் அது. மதுரையில் ஏறிய மீட்டர்கேஜ் ரயில் மானாமதுரை, பரமக்குடி, இராமநாதபுரம் என்று நின்று நின்று போனது. புளியோதரைத் தூக்கும், தண்ணீர்க் கூஜாவும், கயிறு கட்டிய வாளியும் எங்களோடு வந்தன. தீர்த்தமாட வாளியும் கயிறும் வீட்டிலிருந்தே கொண்டுபோக வேண்டும் என்பது அப்பத்தாவின் கட்டளை.

பாம்பனில் ரயில் ஆள் நடக்கும் வேகத்துக்கு இறங்கியது. இரண்டு பக்கமும் தண்ணீர். "கடலுக்கு மேல போறோம்டா, கையெடுத்துக் கும்பிடு" என்றார் அப்பத்தா. ஜன்னல் வழியே எல்லாரும் காசு போட்டார்கள். "அறுபத்தினாலு புயல்ல இந்தப் பாலமே அறுந்து போச்சு. சரிபண்ண ஆறு மாசம் ஆகும்னாங்க. நாப்பத்தாறே நாள்ல முடிச்சுட்டாங்க" என்று அப்பா சொன்னார். அந்த வேலையை முன்னின்று முடித்த பொறியாளர் இ.ஸ்ரீதரன், பின்னாளில் டெல்லி மெட்ரோவைக் கட்டியவரும் அவரே. தனுஷ்கோடியை அழித்த அந்தப் புயலில் பயணிகளோடு ஒரு ரயிலே கடலுக்குள் போயிருந்தது. அது நடந்து இருபது வருஷம்கூட ஆகாத காலம். பாலத்தைக் கடந்து முடிக்கும்வரை பெட்டிக்குள் யாரும் உரக்கப் பேசவில்லை.

தங்கியது ஒரு சத்திரத்தில். பக்கத்து அறையில் காசியிலிருந்து செம்புகளில் கங்கை நீர் கொண்டுவந்த குடும்பம். இராமேசுவரத்து மணலைக் கொண்டுபோய் கங்கையில் கரைப்பதும், அங்கிருந்து கங்கை நீரைக் கொண்டுவந்து இராமநாதருக்கு அபிஷேகம் செய்விப்பதும் வடக்கையும் தெற்கையும் இணைக்கும் பழைய வழக்கம். அந்த வீட்டுப் பாட்டிக்குத் தமிழ் தெரியாது, அப்பத்தாவுக்கு இந்தி தெரியாது. ஆனாலும் இருவரும் சத்திரத்துத் திண்ணையில் ஒரு மாலை முழுவதும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் விடிந்ததும் அக்னி தீர்த்தம் என்கிற கடலில் முங்கிவிட்டுக் கோயிலுக்குள் போனோம். உள்ளே இருபத்திரண்டு தீர்த்தங்கள். சித்தப்பா கிணற்று மேட்டில் நின்று இறைத்து ஊற்ற, ஒவ்வொன்றாக நனைந்து, பிறகு உலர்ந்த துணி மாற்றிக்கொண்டு தரிசனத்துக்குப் போனோம். முதலில் அனுமன் கொண்டுவந்த விசுவலிங்கத்துக்குப் பூசை, அதன் பிறகே சீதை மணலால் பிடித்த இராமலிங்கத்துக்கு. தாமதமாக வந்த அனுமன் மனம் வருந்தக்கூடாது என்று இராமர் வகுத்த முறை என்பார்கள். இதை அப்பத்தா வரிசையில் நின்றபடியே கதையாகச் சொல்லி முடித்தார். அதற்கு அன்றைக்கு நேரம் இருந்தது.

பகல் முழுவதும் மூன்றாம் பிராகாரத்திலேயே இருந்தோம். 1,212 தூண்கள் கொண்ட அந்தப் பிராகாரம் சேதுபதி மன்னர்களின் கொடை. 18-ஆம் நூற்றாண்டில் முத்துராமலிங்க சேதுபதி காலத்தில் முடிந்தது. இது மணல் தீவு. கருங்கல் இங்கே கிடையாது. ஒவ்வொரு கல்லும் கடல் தாண்டி வந்திருக்கிறது. வெளியே வெயில் கொளுத்த, உள்ளே கல் தரை குளிர்ந்து கிடந்தது. நாங்கள் ஓடி விளையாடினோம், பெரியவர்கள் தூணில் சாய்ந்து கண்ணயர்ந்தார்கள்.

போன வருஷம் குடும்பத்தோடு காரில் போனேன். மதுரையிலிருந்து மூன்றரை மணி நேரம். சாலைப் பாலத்திலிருந்து பார்த்தபோது, 2022 கடைசியில் ரயில் நிறுத்தப்பட்ட பழைய ரயில் பாலம் ஒதுங்கி நின்றது. அதன் பக்கத்தில் 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலம். பழையதில் கப்பல் வந்தால் ஆட்கள் கையால் நெம்ப, பாலம் இரண்டாகப் பிரிந்து நிமிரும். புதியதில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே மேலே உயர்கிறது. தனுஷ்கோடிக்கு 2017 முதல் அரிச்சல்முனைவரை தார்ச்சாலை. பேய்க்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். பலரும் அப்படித்தான் பார்க்கிறார்கள்.

கோயிலிலும் அதே வேகம். தீர்த்தத்துக்கு டிக்கெட் வாங்கி, கிணறு கிணறாக ஓடி நனைந்து, தரிசன வரிசையில் நகர்ந்து, சில நொடிகள் சன்னிதியில் நின்று, அடுத்த ஊருக்கு வண்டி ஏறுகிறார்கள். நான் போன மாலையில் சன்னிதி வாசலில் நெரிசல். மூன்றாம் பிராகாரத்தின் வடபக்கத்தில் எங்களைத் தவிர விரல்விட்டு எண்ணும் அளவுக்கே ஆட்கள்.

கூட்டத்தை நான் குறை சொல்லமாட்டேன். அப்பத்தாவின் அக்கா, ரயிலில் அவ்வளவு தூரம் உட்கார முடியாதென்று கடைசிவரை இராமேசுவரம் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார். இன்று அவரைப் போன்றவர்கள் பேரன் கையைப் பிடித்து வந்து இறங்குகிறார்கள். இடுப்பு வளைந்த ஒரு ராஜஸ்தானத்து மூதாட்டியைக் கோபுர வாசலில் பார்த்தேன். கும்பிட்ட கையை அவர் இறக்கவே இல்லை. பாலமும் சாலையும் இல்லாவிட்டால் அவர் அங்கே வந்து நின்றிருக்க முடியாது. அதைவிட வேறென்ன வேண்டும்?

அன்றைக்குப் போவது கஷ்டம், ஆகவே போனவர்கள் தங்கினார்கள். இன்றைக்குப் போவது சுலபம், ஆகவே உடனே திரும்பிவிடுகிறோம். இந்தக் கணக்கை நாம் மாற்றலாம். ஒரு ராத்திரி தங்குங்கள். விடியற்காலை ஸ்படிகலிங்க தரிசனம் பாருங்கள். தீர்த்தங்களில் அவசரமில்லாமல் நனையுங்கள். மூன்றாம் பிராகாரத்தை நான்கு பக்கமும் நடந்து முடியுங்கள். அதற்கு டிக்கெட்டும் இல்லை, வரிசையும் இல்லை. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ஒரு தூணடியில் உட்கார வைத்து, பிள்ளைகளுக்குக் கதை சொல்லச் சொல்லுங்கள். கடல் தாண்டிக் கல் சுமந்து வந்தவர்கள், மனிதர்கள் வந்து தங்குவதற்காகவே இவ்வளவு நிழலைக் கட்டியிருக்கிறார்கள். பாலங்கள் நமக்கு மிச்சப்படுத்திக் கொடுத்த நேரத்தை அந்த நிழலில் செலவிடுவதுதான் இரண்டு உழைப்புக்கும் நாம் செய்யும் மரியாதை.