நகையும் ரொக்கமும் செல்லாத ஊரில் ஒரு வீடு

ஷ்டுட்கார்ட்

அன்புள்ள மாமாவுக்கு,

மாதாமாதம் வாடகையாகக் கொட்டும் பணத்தில் இந்நேரம் ஒரு வீடே வாங்கியிருக்கலாமே என்று எழுதியிருந்தீர்கள். நம் ஊர்க் கணக்குக்கு அது சரி. இந்த ஊர்க் கணக்குக்கு உதவாது. ஜெர்மனியில் பாதிப் பேருக்கு மேல் வாடகை வீட்டில்தான் இருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலேயே சொந்த வீட்டுக்காரர்களின் விகிதம் மிகக் குறைவாக உள்ள நாடு இதுதான். பென்ஸும் போர்ஷேயும் செய்கிற இந்த ஊரில், அதே காரை ஓட்டிக்கொண்டு வாடகை வீட்டுக்குத் திரும்புகிறவர்கள் ஏராளம். அத்தனை பேரும் பிழைக்கத் தெரியாதவர்களா? இல்லை. அவசரப்பட்டு வீடு வாங்குகிறவனுக்கு இந்த நாட்டில் தண்டம் உண்டு, பொறுத்துச் சேர்க்கிறவனுக்கு நஷ்டம் குறைவு. இதுதான் என் கட்சி.

தண்டம் எவ்வளவு என்று கேளுங்கள். நாலு லட்சம் யூரோவுக்கு ஓர் அடுக்குமாடி வீடு என்று வையுங்கள். எங்கள் மாநிலத்தில் சொத்து வாங்கும் வரி 5 சதவீதம். ஆக 20,000 யூரோ. (பக்கத்துப் பவேரியாவில் 3.5 சதவீதம்தான். அதற்காக வீட்டை அங்கே தள்ளிக்கொண்டு போக முடியாது.) நோட்டரிக்கும் பத்திரப் பதிவுக்கும் சுமார் 2 சதவீதம், 8,000. தரகருக்கு வாங்குபவர் பங்காக வழக்கமாக 3 சதவீதம், அந்தத் தரகின் மேல் 19 சதவீத விற்பனை வரி, சேர்த்து 14,280. விற்பவரும் தரகில் பாதியையாவது சுமக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில்தான் சட்டம் வந்தது. அதற்கு முன்பு பல ஊர்களில் முழுவதும் வாங்குபவர் தலையில்தான். கூட்டினால் 42,280 யூரோ. இந்தச் செலவுக்குச் சாதாரணமாக வங்கி கடன் தராது. நாமே சேர்த்து வைத்திருக்க வேண்டும். அடுத்த மாதமே வீட்டை விற்றாலும் இதில் ஒரு காசு திரும்பாது. ஒரு கல்லுக்கும் சிமெண்டுக்கும் போகாத பணம் இது. வாடகையை வீண் என்று சொல்லும் நீங்கள் இதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

அத்தையின் ஒட்டியாணம் பெட்டியில் சும்மாதானே இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் மனசு பெரிது. ஆனால் 2023 ஏப்ரல் முதல் இங்கே வீட்டுக்கான விலையை ரொக்கமாகவோ, தங்கமாகவோ, கிரிப்டோவாகவோ கொடுக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. பத்திரத்தில் ஒரு தொகை, பையில் ஒரு தொகை என்ற நம் ஊர் ஏற்பாட்டுக்கு இங்கே வழி அடைத்தாயிற்று. எல்லாம் வங்கிக் கணக்கு வழியாகத்தான் போக வேண்டும்.

வாடகை வீடு என்றால் வீட்டுக்காரர் நினைத்த அன்றைக்குச் சாமானை வெளியே வைப்பார் என்ற பயம் உங்களுக்கு. இங்கே சட்டம் ஒப்புக்கொள்ளும் காரணம் இல்லாமல் அவரால் காலி செய்யச் சொல்ல முடியாது. தனக்கோ தன் பிள்ளைக்கோ வீடு வேண்டும் என்றால் சொல்லலாம். அப்போதும் எட்டு வருடம் குடியிருந்தவருக்கு ஒன்பது மாத அவகாசம் தர வேண்டும். வாடகையை மூன்று ஆண்டில் 20 சதவீதத்துக்கு மேல் உயர்த்தக் கூடாது. வீட்டுத் தட்டுப்பாடு உள்ள ஊர்களில் 15 சதவீதம். பையன் பெயரைச் சொல்லிக் காலி செய்யவைத்துவிட்டு வேறு ஆளைக் குடிவைக்கும் வீட்டுக்காரர்கள் இங்கும் உண்டுதான். பிடிபட்டால் நஷ்ட ஈடு கொடுத்தாக வேண்டும்.

அப்படியானால் சேர்ப்பது எப்படி? சிரிக்காதீர்கள் மாமா, சீட்டுப் போட்டுத்தான். ஷ்டுட்கார்ட்டுக்கு வடக்கே வூஸ்டென்ரோட் என்று ஒரு சிற்றூர். முதல் உலகப் போர் முடிந்து வீடுகளுக்குத் தட்டுப்பாடாக இருந்தபோது, 1921-இல் கேயோர்க் க்ரோப் என்பவர் அங்கே ஒரு சங்கம் தொடங்கினார். எல்லோரும் ஒரே பானையில் போடுவது, சேர்ந்த பணத்தில் ஒவ்வொருவராக வீடு கட்டிக்கொள்வது. அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்று நாடெங்கும் நடக்கும் ‘பவுஷ்பார்’ சேமிப்பு. நம் சீட்டில் ஏலம் உண்டு, தள்ளு உண்டு, சீட்டுப் பிடித்தவர் இரவோடு இரவாக ஊரைவிட்டு ஓடுவதும் உண்டு. இங்கே இந்த மூன்றும் கிடையாது. எவ்வளவு போட்டீர்கள், எத்தனை காலம் போட்டீர்கள் என்று கணக்கிட்டு ஒரு மதிப்பெண் தருவார்கள். பேசிய தொகையில் பொதுவாக 40 அல்லது 50 சதவீதம் சேர்ந்து, மதிப்பெண்ணும் எட்டினால், மீதி கடனாக வரும். வட்டி, முதல் நாளே தாளில் எழுதிய வட்டி. வருமானம் வரம்புக்குள் இருந்தால் வருடத்துக்கு 700 யூரோ வரை போடும் தொகைக்குப் பத்து சதவீதம் அரசும் சேர்க்கிறது. எழுபது யூரோவுக்கு ஜன்னல் திரைகூட வராது என்பது வேறு விஷயம்.

இதற்கு மறுப்பு உண்டு. என் கூட்டாளிகளே சொல்கிறார்கள். சேமிப்புக்குக் கொடுக்கும் வட்டி நுண்ணோக்கியில் பார்க்கிற அளவு. சேரும்போதே பேசிய தொகையில் ஒரு சதவீதமோ அதற்கு மேலோ கட்டணம். உண்மை. அதைவிடப் பெரிய மனத்தாங்கலும் ஒன்று உண்டு. பழைய ஒப்பந்தங்களில் நல்ல வட்டி இருந்தது என்று சிலர் கடனே வாங்காமல் பணத்தை அப்படியே விட்டு வைத்தார்கள். பொது வட்டி விழுந்ததும் சீட்டு நடத்துபவர்களே அவர்களை வெளியே அனுப்பினார்கள். கடன் வாங்கும் முறை வந்து பத்து வருடமாகியும் வாங்காதவரை நீக்கலாம் என்று உச்ச நீதிமன்றமும் 2017-இல் சொல்லிவிட்டது. ஆகவே வட்டிக்காக இதில் சேருகிறவர் ஏமாறுவார். இதில் வாங்குவது நாளைய கடன் வட்டிக்கு இன்றைக்கே ஒரு பூட்டு. 2022 தொடக்கத்தில் பத்து வருட வீட்டுக் கடன் ஒரு சதவீதத்தை ஒட்டிக் கிடைத்தது. இலையுதிர் காலத்துக்குள் நாலைத் தொட்டது. பழைய தாளை வைத்திருந்தவர்கள் அந்த வருடம் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

நீ சேர்த்து முடிப்பதற்குள் விலை ஏறிவிடாதா என்பீர்கள். ஏறலாம். இறங்கவும் இறங்கும்: 2023-இல் நாடு முழுக்க வீட்டு விலை சராசரியாக எட்டு சதவீதத்துக்கு மேல் விழுந்தது. மனை விலை இறங்கியதாக நம் ஊரில் யாரும் ஒப்புக்கொண்டதே இல்லை என்பதால் இதை நீங்கள் நம்பமாட்டீர்கள்.

பணம் தயாரானாலும் பொறுமை தீராது. பத்திரத்தின் நகலை இரண்டு வாரம் முன்பே கையில் கொடுத்துவிடுகிறார்கள். அப்படியும் பத்திரம் முடிக்கும் நாளில் நோட்டரி முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை உரக்க வாசித்தாக வேண்டும், சட்டம் அப்படி. கல்யாண மந்திரத்தை முகூர்த்தம் தவறுவதற்குள் முடிக்கிற வேகம்தான். விற்பவர், வாங்குபவர், தரகர் மூவரும் புரிந்த முகத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டும். நமக்கு மொழி போதாது என்றால் மொழிபெயர்ப்பாளர் வைத்து மறுபடி ஒரு முறை. அதற்குப் பிறகும் சாவி வராது. பதிவேட்டில் நம் பெயருக்கு முன்குறிப்பு ஏறி, நோட்டரி கடிதம் போட்டு, பணம் போய்ச் சேர்ந்த பிறகுதான் வரும்.

கிரகப்பிரவேசத்துக்கு இப்போதே நாள் பார்க்கட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். நாள் மட்டும் போதாது. இங்கே வீட்டை விற்பவர் பேரத்தில் சேர்க்காவிட்டால் சமையலறையையே கழற்றிக்கொண்டு போய்விடுவார்: அடுப்பு, தொட்டி, அலமாரி, எல்லாம். சுவரில் குழாய் முனையும், விளக்கு இருந்த இடத்தில் இரண்டு மூன்று கம்பிகளும்தான் மிஞ்சும். பால் காய்ச்ச நாமே ஒரு மின் அடுப்பைக் கையோடு கொண்டுபோக வேண்டும். படுக்கையறையிலும் நடையிலும் புகை உணர்கருவி கட்டாயம் என்பதால் கணபதி ஹோமம் வளர்த்தால் வீடே அலறும். ஹோமம் இல்லாமல் பால் காய்ச்சினால் மட்டும் போதுமா என்று நம் சாஸ்திரிகளிடம் ஒரு வார்த்தை கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மருமகன்