ஒண்ணும் பண்ணாது சார்

லிஃப்ட் கதவு திறந்ததும் முதலில் தெரிவது ஐம்பது கிலோ ராட்வைலர். அதற்குப் பின்னால், சுவரோடு சுவராக, நம்மவர். சங்கிலியை இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்ததில் விரல்கள் வெளுத்திருக்கும். "வாங்க சார், ஒண்ணும் பண்ணாது" என்பார். ஒன்றும் பண்ணாத நாயை இத்தனை இறுக்கமாக எதற்குப் பிடித்திருக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. "டாக்டர் படியேறச் சொல்லியிருக்கார்" என்று சொல்லிவிட்டுப் படியேறுகிறோம். ஐந்தாவது மாடி மாமியும் ஏறுகிறார். அவருக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துபோய்விட்டது.

ஒண்ணும் பண்ணாது என்பதோடு அவர் நிறுத்திக்கொண்டால்கூடப் பரவாயில்லை. வாக்குறுதிக்குப் பின்னால் நிபந்தனைகள் வரும். ஒண்ணும் பண்ணாது, ஓடாம நில்லுங்க. ஒண்ணும் பண்ணாது, கண்ணை மட்டும் நேராப் பார்க்காதீங்க. ஒண்ணும் பண்ணாது, அந்தக் குடையைக் கொஞ்சம் கீழே வெச்சிடுங்க. தொப்பி போட்டவர்களை அதற்குப் பிடிக்காதாம், அதனால் தொப்பியைக் கழற்ற வேண்டும். பயந்தால் அதற்கு வாசனை தெரியுமாம், அதனால் பயப்படவும் கூடாது. பார்சலைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மீட்டர் பெட்டியோடு ஒட்டி நின்ற டெலிவரி பையனிடம் சொன்னது இன்னும் சுருக்கம்: "ஒண்ணும் பண்ணாதுப்பா. அசையாதே."

பண்ணிவிட்டால்? அப்போது அதற்குப் பெயர் விளையாட்டு. ஒருநாள் வாட்ச்மேனின் சட்டைக் கையைக் கவ்விக்கொண்டு நின்றது. "உங்களை அதுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு" என்று நம்மவர் பூரித்தார். "பிடிச்சிருக்கிறது தெரியுது சார், விடச் சொல்லுங்க" என்றார் வாட்ச்மேன். நாய் விட்டது, அதுவாக நினைத்தபோது. சட்டைக்குப் பணம் தருகிறேன் என்று சொன்னார். சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

இதே மனிதர் குட்டியாக அதை வாங்கி வந்த புதிதில், "இவன் வளர்ந்தப்புறம் பாருங்க, வாசல்ல ஒருத்தன் நிக்க முடியாது" என்று வீடு வீடாகப் பெருமை பேசியவர். வாசலில் 'நாய் ஜாக்கிரதை' பலகையும் தொங்குகிறது. படம் போட்டது, பல் தெரியும்படி. பலகை ஜாக்கிரதை என்கிறது, பலகைக்காரர் ஒன்றும் பண்ணாது என்கிறார். பாதுகாப்புக்கு என்று காசு கொடுத்து வாங்கியது ஒன்றும் பண்ணாது என்றால், அவரை யாரோ நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள்.

ஏமாற்றவில்லை. அது அசல் சரக்குதான். ஜெர்மனியில் ராட்வைல் என்ற ஊரில் மாட்டு மந்தையை ஓட்டவும் கறிக்கடைக்காரர்களின் வண்டியை இழுக்கவும் வளர்க்கப்பட்ட இனம். அடங்காத மாட்டைத் தன் உடம்பாலேயே முட்டித் தள்ளி வழிக்குக் கொண்டுவரும். யாரையும் கேட்காமல் தானே முடிவெடுப்பது அதன் ரத்தத்தில் இருக்கிறது. அப்பேர்ப்பட்ட உழைப்பாளியைக் கொண்டுவந்து, இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில், துணி காயப்போடும் பால்கனியில் அடைத்து வைத்தால் அது என்ன செய்யும்? தனக்குத் தானே ஒரு உத்தியோகம் போட்டுக்கொள்ளும். போட்டுக்கொண்டது. லிஃப்ட், மாடிப்படித் திருப்பம், என் ஸ்கூட்டர் மூன்றும் இப்போது அதன் காவலில் இருக்கின்றன. நாய் மேல் எனக்குக் கோபமே கிடையாது. சாயங்காலம் பால்கனிக் கம்பிகளுக்கு நடுவே மூக்கை நீட்டி, தெருவில் போகும் ஒவ்வொரு ஆட்டோவையும் கணக்கெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது பாவமாகக்கூட இருக்கிறது. அடித்தொண்டையில் அது உறுமும்போது 'கிட்ட வராதே' என்று நேர்மையாகத்தான் சொல்கிறது. அதை மறுத்துப் பேச ஓர் ஆளைக் கூடவே கூட்டி வருவதுதான் அதன் தலையெழுத்து.

2024 மார்ச்சில் மத்திய அரசு இருபத்து மூன்று நாய் இனங்களுக்குத் தடை விதிக்கச் சொன்ன சுற்றறிக்கையில் ராட்வைலரும் இருந்தது. நம்மவர் ஒரு மாதம் முகம் வாடித் திரிந்தார். ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்ததும் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் கட்டைவிரல்களும் பூங்கொத்துகளுமாகக் கொண்டாடினார். மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதியில், மாநகராட்சிப் பூங்கா ஒன்றில், ஐந்து வயதுக் குழந்தையை இரண்டு ராட்வைலர்கள் கடித்துக் குதறின. அன்று குழுவில் அவர் ஒன்றும் போடவில்லை. மறுநாள் காலை, "வளர்ப்பு சரியில்ல" என்று ஒரு வரி வந்தது.

இதில் சிரிக்க எனக்கு ஒன்றும் இல்லை. எங்கள் மாடியில் மூன்று குழந்தைகள் இருக்கிறார்கள். வாய்மூடி போடுங்கள் என்று கேட்டால், "மூச்சு முட்டும் சார், பாவம்" என்கிறார். கூடை போன்ற வாய்மூடியில் நாய் வாயைத் திறந்து இரைக்கலாம், தண்ணீர்கூடக் குடிக்கலாம். சொல்லிப் பார்த்தாயிற்று. "எல்லா ஊசியும் போட்டாச்சு" என்கிறார். ஊசி போட்டது வெறிநோய்க்கு. பல்லுக்கு என்ன போட்டிருக்கிறார்?

பயிற்சிக்கும் ஆள் வைத்துப் பார்த்தார். "சிட், சிட், சிட்" என்று இவர் மூச்சு வாங்க, கடைசியில் பெஞ்சில் உட்கார்ந்தது இவர்தான். வீட்டு சோபாவும் நாயின் பெயருக்கு மாறி வெகுகாலம் ஆகிறது. அதை எழுப்புவானேன் என்று டைனிங் நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்க்கிறார்.

அந்த வீட்டில் அது ஒருவர் பேச்சைத்தான் கேட்கும். வேலைக்கு வரும் அக்கா, முக்கால் ஆள் உயரம், கையில் மாப்புக் குச்சி. "டேய் எருமை, எந்திரி, தொடைக்கணும்" என்றால், ஐம்பது கிலோவும் வாலைத் தாழ்த்திக்கொண்டு பால்கனிக்குப் போய்விடும். காலையும் மாலையும் நாயை அவரே கீழே கூட்டிப்போனால் என்ன என்று அசோசியேஷன் கூட்டத்தில் பேச்சு வந்தது. தனிச் சம்பளம் மாதம் மூவாயிரம் கேட்கிறாராம். அதிகம் என்கிறார் நம்மவர். ஐந்தாவது மாடி மாமி தன் பங்காக ஐந்நூறு தர அங்கேயே கையைத் தூக்கிவிட்டார்.