சீமாற்று ஞானம்

எங்கள் பெரியப்பாவைப் போன்ற பூச்சி அறிஞர் ராசிபுரம் வட்டாரத்தில் இனி ஒருவர் பிறக்கப்போவதில்லை. உலகத்தில் இதுவரை பெயர் வைக்கப்பட்ட பூச்சி வகைகள் சுமார் 10 லட்சம். இத்தனைக்கும் தனித்தனிப் பெயர் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவர்கள் மேல் பெரியப்பாவுக்கு மிகுந்த இரக்கம் உண்டு. அவர் எல்லாவற்றையும் இரண்டே சாதியாக அடக்கிவிட்டார்: ‘வெசப்பூச்சி’, ‘என்னமோ பூச்சி’. இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றுதான். கதவு மூலையில் சாத்தியிருக்கும் சீமாறு.

“சுவத்துல என்னங்க பெரியப்பா அது?”

“வெசப்பூச்சி. தள்ளி நில்லு கண்ணு.”

கேள்வி முடிவதற்குள் அடி விழுந்துவிடும். ஆறு காலா, எட்டுக் காலா என்று எண்ணிப் பார்க்கிற சோம்பேறித்தனம் அவரிடம் கிடையாது. அடித்த பிறகு எண்ணுவதற்கு ஒன்றும் மிஞ்சுவதும் கிடையாது.

போன மழைக்காலத்தில் சுவரில் வெள்ளரி விதை போலச் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரே பார்வையில் சொல்லிவிட்டார்: “சுண்ணாம்பு உதிருது. பெயிண்டுக்காரன் ஏமாத்திட்டான்.” உதிர்ந்த சுண்ணாம்பு சுவரில் மேலே ஏறிக்கொண்டிருந்தது என்பது அவர் முடிவை அசைக்கவில்லை. மணல் துகளையும் நூல் துணுக்கையும் பட்டிழையால் சேர்த்துக் கட்டிய கூடு அது. உள்ளே ஓர் அந்துப்பூச்சியின் புழு. கூட்டுக்கு இரண்டு முனையிலும் வாசல். எந்தப் பக்கம் வேண்டுமோ அந்தப் பக்கம் தலையை நீட்டி, ஒட்டடையையும் உதிர்ந்த முடியையும் தின்று, கூலி கேட்காமல் வீட்டைக் கூட்டுகிற ஜீவன். பெயிண்டுக்காரர் கூலியில் ஐந்நூறு ரூபாயைப் பிடித்துவைத்து, பெரியப்பா நீதியை நிலைநாட்டினார்.

நம் முன்னோர்களுக்கு இந்தத் தெளிவு இல்லை. மண்குளவி புழுவைத் தூக்கிப் போய்க் கூட்டில் அடைப்பதையும், சில நாளில் அதிலிருந்து குளவி வருவதையும் மெனக்கெட்டு உட்கார்ந்து பார்த்தார்கள். பார்த்துவிட்டு, கொட்டிக் கொட்டியே புழுவைக் குளவியாக்கிவிடுகிறது என்றார்கள். உண்மையில் அந்தப் புழு, குளவியின் குஞ்சுக்குக் கட்டிவைத்த சோறு. பார்த்தும் தப்பாகச் சொன்னவர்கள் அவர்கள். பார்க்காமலே தப்பாகச் சொல்லும் சிக்கனம் பெரியப்பாவுடையது. வீட்டில் இருந்த அப்படியொரு கூட்டையும் அவர் கரண்டியால் பெயர்த்து எறிந்தார். தன் தோட்டத்துக் கத்தரிச் செடியில் புழு மண்டிவிட்டதென்று மறுவாரம் அவர் அழுததை இதோடு சேர்த்துப் பேசுவது மரியாதை ஆகாது.

அவருடைய வீரத்தைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஐப்பசி மழைக்குப் பின் டியூப்லைட்டைச் சுற்றி ஒரு பூச்சி வரும். எறும்பைப் போல ஒல்லியாக, ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறி, அரை விரற்கடை நீளம்கூட இருக்காது. ஆசிட் பூச்சி என்பார்கள். பாவம், அதற்குக் கடிக்கவும் தெரியாது, கொட்டவும் தெரியாது. நெல் வயலில் தத்துப்பூச்சியைத் தின்று உழவனுக்கு உதவுவது அதன் வேலை. அதன் நஞ்சு உடம்புக்குள் ஓடும் நீரில் இருக்கிறது. நசுக்கினால்தான் நம் மேல் படும். ஊதிவிட்டால் போய்விடும். ஊதுவது ஆண்பிள்ளைக்கு அழகா? தன் கழுத்தில் ஊர்ந்ததைப் பெரியப்பா உள்ளங்கையால் ஓங்கி அடித்து, தேய்த்தும் விட்டார். சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னதற்கு, “செத்த பூச்சி என்னடா பண்ணும்?” என்றார்.

மறுநாள் கழுத்தில் நெருப்பால் இழுத்த மாதிரி ஒரு கோடு, அதன்மேல் கொப்புளம். நோய்க்குப் பெயர் வைப்பதிலும் அவரை மிஞ்ச ஆள் இல்லை. “அக்கி” என்றார். அக்கி என்பது பழைய அம்மைக் கிருமி நரம்புக்குள் தூங்கி எழுந்து வருவது என்று சொல்லிப் பார்த்தோம். மூன்று நாள் காவி குழைத்து அக்கி எழுதிக்கொண்டார். இரண்டு வாரத்தில் தானாக ஆறுகிற புண், இரண்டு வாரத்தில் ஆறியது. புகழ் காவிக்குப் போயிற்று.

இந்த ஞானம் வீட்டுக்குள் அடங்கக்கூடியதா? எங்கள் பக்கம் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி பூமி. சேலத்து ஜவ்வரிசி இதிலிருந்துதான். 2008இல் பப்பாளி மாவுப்பூச்சி தமிழ்நாட்டுக்குள் வந்தது. அதைத் தின்னும் ஒட்டுண்ணிக் குளவியைப் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து 2010இல் கொண்டுவந்து அடக்கினார்கள். 2020இல் வேறொரு மாவுப்பூச்சி கேரளத்தில் தென்பட்டு நம் கிழங்குக் காட்டுக்கும் வந்தது. நுனிக் குருத்து சுருண்டு கொத்தாக நின்றது. மாவைத் துடைத்தால் உடம்பு இளஞ்சிவப்பு. பெரியப்பா துடைக்கவில்லை. “பழைய மாவுப்பூச்சிதான்” என்று வரப்பிலிருந்தே சொல்லிவிட்டு மருந்தடித்தார். மறுபடி அடித்தார். இன்னொரு மருந்தை மாற்றி அடித்தார். சீமாற்றுக்கும் ஸ்பிரேயருக்கும் கைப்பிடியில்தானே வித்தியாசம்?

நமக்குப் புதிதான இந்தப் பூச்சி முன்பே ஆப்பிரிக்காவின் கிழங்கைத் தாக்கியிருந்தது. அப்போது இதற்கு எதிரி தேடித் தென் அமெரிக்கா போன அறிஞர்களும் முதலில் இதைப் போலவே இருந்த வேறொரு பூச்சியைக் கண்டு ஏமாந்தார்கள். அதன் ஒட்டுண்ணிகள் இதைச் சீண்டவே இல்லை. சரியான பூச்சி 1981இல் பராகுவேயில் கிடைத்தது; சரியான குளவியும் அங்கேயே கிடைத்தது. அந்தக் குளவியை வைத்து ஆப்பிரிக்காவின் கிழங்கைக் காத்த ஹான்ஸ் ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள். ஒரு பூச்சியைத் தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று ஒப்புக்கொள்வதற்கெல்லாம் பரிசு! பெரியப்பா ஒருநாளும் அந்த நிலைக்கு இறங்கமாட்டார்.

பெனின் நாட்டிலிருந்து தருவித்த அந்தக் குளவியை 2022 மார்ச்சில் நம் ஏத்தாப்பூர் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். எள்ளைவிடச் சிறியது. மருந்தடித்தால் அதுவும் சேர்ந்து சாகும். பெரியப்பா காட்டில் அதைக் கண்டதும் அவர் வாயிலிருந்து வந்தது ஒரே சொல்: “வெசப்பூச்சி.”

தெரியாத பூச்சியைத் தெரிந்துகொள்ள ஒரு கண்ணாடி டம்ளரும் ஓர் அட்டையும் போதும். கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகி, வெளிச்சத்தில் பிடித்துக் காலை எண்ணலாம். பெரியப்பா வீட்டில் டம்ளர் ஆறு இருக்கிறது. அட்டைக்கும் பஞ்சமில்லை. ஆனால், சீமாறுதான் கைக்குப் பக்கத்தில் இருக்கிறது.